கேத்தாம் தீவுக்கு நாள் பார்த்தல்: சூலம், ராகு காலம், கொமுட்டர் குறித்த ஓர் ஆராய்ச்சி

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் குடியிருக்கும் ஒருவருக்கு உலகத்திலேயே மிகத் தொலைவிலுள்ள தீவு எது என்னும் கேள்வியை அறிஞர் உலகம் இதுவரை சீண்டவில்லை. கிரேக்க நாட்டுச் சந்தொரினி என்பாரும் உளர். அது பொருந்தாது. விமானம் ஏறி ஏதென்ஸில் இறங்கி, பிரேயஸ் துறைமுகத்தில் கப்பல் பிடித்து, ஐந்து மணி நேரமோ எட்டு மணி நேரமோ ஏஜியன் கடலைக் கடந்து, வெள்ளைச் சுவருக்கும் நீலக் குவிமாடத்துக்கும் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பியவர்கள் ஜாலான் துன் சம்பந்தனில் இருக்கிறார்கள். ஆனால் கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறி, கடைசி நிலையமான பெலாபுவான் கிள்ளானில் இறங்கி, அங்கிருந்து படகில் அரை மணி முதல் முக்கால் மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய கேத்தாம் தீவுக்குப் போனீர்களா என்று இவர்களைக் கேட்டால், "போகணும், நாள்தான் அமையலை" என்கிறார்கள். போய்வந்த இடத்தைவிடப் போக முடியாத இடம்தான் தொலைவு என்பது வெளிப்படை. ஆகவே நாள் அமையாமை என்னும் இந்த நோயின் காரணத்தை ஆராய்வதும், அதில் பஞ்சாங்கத்துக்குப் பங்கு உண்டா இல்லையா என்று தீர்ப்பதும் இக்கட்டுரையின் நோக்கம்.

போக்குவரத்து வசதி இல்லாமையே காரணம் என்று சொல்ல வழியில்லை. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரை வரை 1886-இலேயே ரயில் ஓடிவிட்டது. பிறகு தண்டவாளம் கடலோரம் வரை நீண்டு, 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் துறைமுகமும் திறந்தாயிற்று. 1972-இல் அதன் பெயர் போர்ட் கிள்ளான் ஆனது. 1995-இல் மின்சார கொமுட்டரும் வந்தது. இந்த ரயில்வேயை நம்பி வளர்ந்த ஊர்தான் பிரிக்பீல்ட்ஸ். இந்தியத் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் பணிமனையிலும் அலுவலகத்திலும் வேலை பார்த்து, ரயில்வே குடியிருப்புகளில் பிள்ளை வளர்த்த இடம் அது. பிரிட்டிஷார் ஈயத்துக்காகப் போட்ட பாதை இன்று ஓர் உல்லாசப் பயணிக்காகக் குளிரூட்டிய பெட்டியோடு காத்திருக்கிறது. கட்டணமும் தடையில்லை. படகுக் கட்டணம் ஒரு நல்ல வாழையிலைச் சாப்பாட்டின் விலையைத் தாண்டாது. பிரேயஸுக்கும் ஏதென்ஸிலிருந்து 1869 முதல் ரயில் உண்டு. வசதியில் இரு ஊரும் சமம். வேறுபாடு கடலில்தான் தொடங்குகிறது.

கிரேக்கக் கடலில் கோடைக்காலத்தில் வடக்கிலிருந்து மெல்தெமி என்றொரு காற்று அடிக்கும். அது மிஞ்சினால் துறைமுக அதிகாரிகள் கப்பலை நிறுத்திவிடுவார்கள். அங்கே பயணம் தடைப்பட்டால் காற்றின் மேல் பழி போட்டுவிட்டு, காப்பி குடிக்கலாம். ஒடிசியஸ் வீடு திரும்பப் பத்து ஆண்டு பிடித்ததற்கும் கடல்தெய்வத்தின் கோபத்தைக் காரணம் காட்ட முடிந்தது, மனைவியும் ஏற்றுக்கொண்டாள். மலாக்கா நீரிணையோ சுமத்திராவுக்கும் தீபகற்பத்துக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கிறது. போர்ட் கிள்ளானுக்கு முன்னால் கண்டல் காடு மண்டிய தீவுகள் வேறு அரணாக நிற்கின்றன. படகு பெரும்பாலும் காட்டுக்கு நடுவே வாய்க்காலில் போவதுபோலத்தான் போகும். கடலைக் குற்றம் சொல்ல வாய்ப்பே கிடைக்காத மனிதன் என்ன செய்வான்? நாள்காட்டியைக் குற்றம் சொல்வான். கிள்ளான் பள்ளத்தாக்கில் மெல்தெமியின் வேலையைப் பஞ்சாங்கம் பார்க்கிறது என்பதே நம் பூர்வபட்சம். அதன் சான்றுகளை முதலில் முழுமையாகக் கேட்போம்.

முதற்சான்று உணவு. கேத்தாம் என்றால் மலாய் மொழியில் நண்டு. பெயரிலேயே அசைவமாக இருக்கும் தீவுக்குச் செவ்வாயிலும் வெள்ளியிலும் போக முடியாது. அந்த நாள்களில் வேலையும் இருப்பதால் அது பெரிய இழப்பன்று. சனிக்கிழமை சனீசுவரனுக்கும் பெருமாளுக்கும் உரியது என்று கொள்ளும் வீடுகள் உண்டு. எஞ்சுவது 52 ஞாயிறு. அவற்றில் புரட்டாசி நான்கைந்தை விழுங்கும். அப்பா ஐயப்பனுக்கு மாலை போட்டால் 41 நாள், அதாவது ஆறு ஞாயிறு. மகன் தைப்பூசத்துக்குப் பத்துமலையில் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டு 48 நாள் விரதம் இருந்தால் மேலும் ஏழு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து சில ஞாயிறுகள் மிச்சப்படலாமே எனின், படலாம். ஆனால் மிச்சப்பட்ட ஞாயிறுகளைத் தீபாவளித் திறந்த இல்ல விருந்துகள் பிடித்துக்கொள்ளும். இந்நாட்டில் தீபாவளி ஒருநாள் பண்டிகையன்று, ஒரு பருவம். மீதியில் மண்டபம் கிடைத்த தேதியில் கல்யாணம் வைப்பவர்கள் இருக்கிறார்கள். சீனப் புத்தாண்டில் போகலாமென்றால் ஊருக்கு வரும் பிள்ளைகளால் தீவே நிரம்பியிருக்கும். இவ்வாறு கழித்துக்கொண்டே போனால் ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணத்தக்க ஞாயிறுகளே தேறுகின்றன.

அந்தச் சில ஞாயிறுகள்மேல் விழுகிறது இரண்டாம் சான்று. அதுதான் சூலம், அதாவது அன்றன்று பயணத்துக்கு ஆகாத திசை. ஞாயிறும் வெள்ளியும் மேற்கே சூலம், திங்களும் சனியும் கிழக்கே, செவ்வாயும் புதனும் வடக்கே, வியாழன் தெற்கே. தினசரிக் காலண்டரைக் கிழிக்கிற எவருக்கும் இது தெரியும். கோலாலம்பூருக்கு மேற்கே கிள்ளான். கிள்ளானுக்கு மேற்கே கேத்தாம். ஆகவே ஞாயிற்றுக்கிழமை தீவுக்குப் போகும் குடும்பம் பத்தொன்பது நிலையம் வரை சூலத்தின் நேர்முனையை நோக்கிப் போகிறது. சரி, சனிக்கிழமை போனால்? போகலாம், சூலம் கிழக்கில். ஆனால் மாலையில் வீடு திரும்புவது கிழக்கு நோக்கித்தான். வார இறுதியில் எந்த நாள் போய்வந்தாலும் போக்கிலோ வரவிலோ ஒரு சூலம் தப்பாது. பரிகாரம் இருக்கிறதே, மேற்குச் சூலத்துக்கு வெல்லம், கிழக்குச் சூலத்துக்குத் தயிர் என்பார் உளர். இங்கே ஒரு நுட்பமான சிக்கல் உண்டு. வெல்லத்துக்குப் பதில் கூலா மலாக்கா செல்லுமா, செல்லுமானால் செண்டோல் குடித்துவிட்டுப் புறப்படுவது பரிகாரமாகுமா என்பது பற்றிப் பழைய நூல்கள் மௌனம் சாதிக்கின்றன. பனைவெல்லம் வெல்லமானால் தென்னை, கபோங் முதலிய பனையினத்துச் சர்க்கரையும் வெல்லமே என்பது என் கருத்து.

மூன்றாம் சான்று ராகு காலம். ஞாயிறு மாலை 4.30 முதல் 6 வரை. சனி காலை 9 முதல் 10.30 வரை. ஞாயிறு என்றால் தீவிலிருந்து படகு ஏறவேண்டிய நேரம்; சனி என்றால் வீட்டுக் கதவைப் பூட்டவேண்டிய நேரம். இதில் இரண்டு மரபுகள் மோதுகின்றன. மேற்சொன்ன நேரங்கள் ஆறு மணிக்குச் சூரியன் உதிக்கும் என்ற கணக்கில் அமைந்தவை. பகலை எட்டாகப் பங்கிட்டால் சனிக்கு மூன்றாம் பங்கும் ஞாயிற்றுக்கு எட்டாம் பங்கும் ராகுவுக்கு. ஆனால் 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னால் தள்ளப்பட்டது. அது முதல் கோலாலம்பூரில் சூரியன் ஏறக்குறைய ஏழு மணிக்கும் ஏழரைக்கும் இடையில்தான் தலை காட்டுகிறது. உதயத்தை 7.10 என்று கொண்டால் சனிக்கிழமை ராகு 10.10 முதல் 11.40 வரை, ஞாயிறு 5.40 முதல் 7.10 வரை. இவற்றை முறையே சென்னை மரபு, கோலாலம்பூர் மரபு எனலாம். அரசாங்கம் கடிகாரத்தை மாற்றலாம், ராகுவை மாற்ற முடியுமா என்பது முதல் கட்சி. ராகு சூரியனைப் பார்த்து நடப்பவன், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து அல்ல என்பது இரண்டாம் கட்சி. வானசாஸ்திரம் இரண்டாம் கட்சிப் பக்கம் நிற்கிறது. வீட்டில் பாட்டி எந்தப் பக்கம் நிற்கிறாரோ அந்தக் கட்சி வெல்கிறது.

இத்தனை சான்றும் கேட்ட பிறகு பஞ்சாங்கம் குற்றவாளி என்றே தோன்றும். ஆனால் சாட்சிகளைத் தனித்தனியே விசாரித்ததுதான் பிழை. மூவரையும் ஒன்றாக நிறுத்துங்கள். சனிக்கிழமை சூலம் கிழக்கே, எனவே மேற்கே தீவுக்குப் போகத் தடையில்லை. ஞாயிற்றுக்கிழமை சூலம் மேற்கே, எனவே கிழக்கே வீட்டுக்கு வரத் தடையில்லை. சனி காலை ஒன்பதுக்கு முன் புறப்பட்டு, ஞாயிறு மாலை நாலரைக்கு முன் படகேறினால் இரு மரபுக்கும் மாறில்லை. சனிக்கிழமை சைவம் என்றால் அன்றைக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டு போகலாம். நண்டு ஞாயிறு மதியத்துக்கு. அதாவது பஞ்சாங்கம் இந்தப் பயணத்தைத் தடுக்கவில்லை. போனால் ஒருநாள் தங்கிவிட்டு வா என்றுதான் சொல்கிறது. தீவில் தங்கும் விடுதிகள் இருக்கின்றன. ராகு காலம் புறப்பாட்டுக்குத்தானே, கொமுட்டர் ஏறுவது ஒரு புறப்பாடு, படகு ஏறுவது இன்னொரு புறப்பாடு ஆகாதா என்று கேட்பவர்களுக்காகப் பரஸ்தானம் என்றொரு ஏற்பாட்டை முன்னோர் வைத்திருக்கிறார்கள். நல்ல நேரத்தில் ஒரு பையைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கியதாகக் கணக்கு. பிறகு எத்தனை வண்டி மாறினாலும் அது ஒரே பயணம்.

தங்கச் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு, அது கடற்காரணம். கேத்தாம் வெறும் சேறு என்று ஒரு சாராரும், வீடுகளின் காலடியில் கடல் அலம்பும் அழகிய ஊர் என்று இன்னொரு சாராரும் சாதிக்கிறார்கள். இருவரும் உண்மையே சொல்கிறார்கள். இருவரும் பகலிலேயே திரும்பியவர்கள். ஏஜியன் கடலில் ஏற்றவற்றம் என்பது சாண் கணக்கு. அதனால் அங்கே காலையில் பார்த்த கரைதான் மாலையிலும். அந்தக் கடலிலும் யூரிபஸ் என்ற ஒரே ஒரு நீரிடுக்கில் நீரோட்டம் முன்னும் பின்னுமாகத் திரும்புவதன் காரணம் விளங்காமல் அரிஸ்டாட்டில் அதிலேயே குதித்துவிட்டார் என்று ஒரு கட்டுக்கதை உண்டு. அவரைப் போர்ட் கிள்ளானில் நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருப்பார் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. இங்கே பெருக்கு நாள்களில் நீர் நான்கு மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். மறுநாள் அதே ஏற்றம் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளி வரும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி, ஓரிரு நாள் கழித்து, பெருக்கு உச்சம் தொடும். கிரேக்கன் படகு ஏற வானிலை அறிக்கை பார்க்க வேண்டும். கேத்தாமுக்குத் திதி தெரிந்தால் போதும். திதியை அச்சடித்து வீட்டுச் சுவரில் மாட்டி வைத்திருப்பவன் தமிழன். ஓர் இரவு தங்குபவன் சேற்றில் துள்ளும் மீனையும் பார்ப்பான், அதே சேற்றின்மேல் படகு மிதப்பதையும் பார்ப்பான்.

இனி எதிர்வாதங்கள். அது ஹொக்கியன், தியோசியூ பேசும் சீன மீனவர் ஊர், நமக்கு அங்கே என்ன வேலை என்பது ஒன்று. சந்தொரினியில் நமக்கு என்ன வேலை இருந்ததோ அதே வேலைதான். மேலும் கார் நுழையாமல் சைக்கிளும் மின்சார சைக்கிளும் மட்டும் ஓடும் ஓர் ஊர், வண்டி நிறுத்த இடம் தேடியே பாதி ஆயுளைக் கழிக்கும் பிரிக்பீல்ட்ஸ்காரருக்குத் தீர்த்த யாத்திரைக்கு நிகர். தீவு பார்க்க வேண்டுமென்றால் கேரித் தீவு இருக்கிறதே, நம் ஆள்கள் தோட்டத்தில் வேலை செய்த தீவாயிற்றே என்பது இரண்டாவது. கேரித் தீவுக்கும், துறைமுகம் கட்டிய இண்டாத் தீவுக்கும் பாலம் போட்டாயிற்று. காரில் கண்ணயர்ந்தால் தீவு வந்ததே தெரியாது. பாலம் போட்ட தீவைத் தீவு என்பது ஆகுபெயர். இலக்கணத்துக்கு அது போதும், பயணத்துக்குப் போதாது.

மூன்றாவது வாதம்தான் வலுவானது. நம் முன்னோர் கடல் கடந்தாயிற்று, வம்சத்துக்கு உரிய கடற்பயணப் பங்கு தீர்ந்துவிட்டது என்பது அது. 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா போன்ற கப்பல்கள் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றி, பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று இறக்கிவிட்டுப் போயின. மேல்தளத்தில் பாய் விரித்து, மூட்டையில் தலை வைத்து, வாந்தியும் கஞ்சியுமாக ஏறக்குறைய ஒரு வாரம். அப்படி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இனிக் கடல் வேண்டாம் என்று தோன்றினால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்களில் பலர் நாள் பார்த்துப் புறப்பட்டவர்கள் அல்லர். கப்பல் புறப்படும் நாளே அவர்களுக்கு நல்ல நாள். நல்ல நாளைத் தேர்ந்தெடுக்கும் வசதி நமக்கு வந்த பிறகுதான் எந்த நாளும் அமையாமல் போனது.

ஆக, பஞ்சாங்கத்தின்மேல் சுமத்தப்பட்ட குற்றம் நிரூபணமாகவில்லை, அது விடுவிக்கப்படுகிறது. உண்மைக் குற்றவாளியைக் குடும்பத்தின் புலனக் குழுவில் தேட வேண்டும். அங்கே "ஒருநாள் எல்லாரும் போகலாம்" என்ற செய்தி வரும். இருபது கட்டைவிரல்கள் எழும்பும். தேதி என்ன என்று யாராவது கேட்டதும் அமைதி பரவும். மெல்தெமிகூட ஓரிரு நாளில் ஓயும். இந்த அமைதி அடுத்த தீபாவளி வரை நீடிக்கும். "எல்லாரும்" என்ற சொல்தான் பழுது. சூலம் நாளுக்கு ஒரு திசைதான், அதையும் வெல்லம் தின்று கடக்கலாம். "எல்லாரும்" என்பதற்குப் பரிகாரம் இல்லை. எனவே வாசகர் பௌர்ணமியை அடுத்து வரும் ஒரு சனிக்கிழமையைக் காலண்டரில் வட்டமிட்டு, குழுவில் ஒன்றும் எழுதாமல், கூட வர ஒப்புக்கொள்ளும் ஒருவரோடு காலை ஒன்பதுக்கு முன் கொமுட்டர் ஏறுவாராக. பெலாபுவான் கிள்ளான் நிலையத்திலிருந்து ஜெட்டி நடந்து போகும் தூரம்தான்.