எடைக்கு வாங்கிய பிபிசி

ஓடுகிற கம்ப்யூட்டரை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். கெட்டுப்போனதாகப் பார்த்துத் தேடிப்பிடித்து, பேரம் பேசி, ஆட்டோ வைத்துக் கொண்டுவர ஒரு தனிப் பிறவி வேண்டும். எங்கள் குடியிருப்பில் ஒருவர் இருக்கிறார். உங்கள் தெருவிலும் இருப்பார். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் எந்த ஜன்னலிலிருந்து சால்டரிங் புகை வாசனை வருகிறதோ, அந்த வீடுதான்.

நம்மாளுக்கு வயது ஐம்பத்தைந்தை ஒட்டி இருக்கும். சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் டெஸ்டர் இருக்கும். புதுப்பேட்டையிலிருந்து பல்லாவரம் வரை காயலான் கடைக்காரர்கள் அவருடைய நம்பரை வைத்திருக்கிறார்கள். “சார், டைப்ரைட்டர் மாதிரி ஒண்ணு வந்திருக்கு, பேப்பர் சொருகற எடத்தைத்தான் காணோம்” என்று போன் வந்தால், கல்யாண வீட்டுப் பந்தியிலிருந்துகூடப் பாதியில் எழுந்துவிடுவார்.

கடையில் அவர் நடிப்பைப் பார்க்க வேண்டும். பெட்டியை நேராகப் பார்க்கவே மாட்டார். ஓட்டை மின்விசிறியை விசாரிப்பார். பழைய கிரைண்டரைத் தட்டிப் பார்ப்பார். கடைசியில், போகிற போக்கில், “இதையெல்லாம் இப்ப எவன் வாங்கப் போறான்?” என்பார். கடைக்காரர் அவரைவிடப் பெரிய நடிகர். “அதான் சார், உடைச்சு பிளாஸ்டிக்கைத் தனியா, செம்பைத் தனியாப் போட்டுடலாம்னு” என்று சுத்தியலை எடுப்பார். அவ்வளவுதான், விலை இரண்டு மடங்காகிவிடும். வீட்டுப் படி ஏறும்போது அதே விலை நாலில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும். “சும்மாவே குடுத்தான், நான்தான் பாவம்னு ஒரு நூறு ரூபா கையில வெச்சேன்” என்பார் மனைவியிடம். அந்த அம்மாள் கேட்டுக்கொள்வார். எந்தப் பெட்டிக்கு உண்மையில் எவ்வளவு ஆனது என்பது அவருக்குத் தெரியும். ஜிபே மெசேஜ் அவர் போனுக்குத்தான் வரும்.

போன கோடையில் வந்து சேர்ந்தது ஒரு பிபிசி மைக்ரோ. பிபிசி நிறுவனம் மக்களுக்குக் கம்ப்யூட்டர் கற்றுத்தர டிவி நிகழ்ச்சி நடத்தத் திட்டமிட்டபோது, கேம்பிரிட்ஜில் இருந்த ஏகார்ன் கம்பெனி 1981-ல் அதற்காகச் செய்துகொடுத்த பெட்டி. 6502 பிராசசர். மெமரி 32 கேபி. ஒன்றுவிட்ட சித்தப்பா காலையில் வாட்ஸாப்பில் அனுப்பும் ரோஜாப்பூ குட்மார்னிங்கில் ஒரு இதழுக்கு மேல் அதில் கொள்ளாது. 1984-ல் மத்திய அரசு ‘கிளாஸ்’ என்றொரு திட்டம் போட்டு, நாடெங்கும் சுமார் 250 பள்ளிகளுக்கு இந்தப் பெட்டிகளைக் கொடுத்தது. பிறகு மொகாலியில் இருந்த அரசு செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ், ‘யூனிகார்ன்’ என்று பெயர் சூட்டி இதையே இங்கும் கொண்டுவந்தது.

நம்மாள் படித்த பள்ளிக்கும் அந்த பாக்கியம் கிடைத்தது. ஏ.சி. ரூம். செருப்பை வாசலில் விட வேண்டும். பெட்டிக்கு ஆறு பேர். விசைகளைத் தட்டும் உரிமை கிளாஸ் லீடருக்கும் அவனுடைய சிநேகிதர்களுக்கும். நம்மாளுக்கு ஒதுக்கப்பட்டது ஸ்பேஸ் பார். மற்றவர்கள் எழுத்தைத் தட்ட, இவர் வருஷம் முழுக்க இடைவெளியைத் தட்டினார். இந்தக் கதையை அவர் யாரிடமும் வருத்தமாகச் சொன்னதில்லை; ஆனால் சொல்லாமல் விட்டதும் இல்லை.

பெட்டியைத் திறப்பது ஒரு சடங்கு. டைனிங் டேபிளில் பழைய போர்வை. மூடியைப் பிடித்திருப்பது நாலு ஸ்க்ரூ. பக்கத்திலேயே ‘ஃபிக்ஸ்’ என்று அச்சடித்திருக்கும், எதைக் கழற்றுவது என்று யாரும் தேட வேண்டியதில்லை. “பாத்தியா, அந்தக் காலத்துல தொறந்து பாருன்னு அவனே சொல்லிக் குடுத்தான்” என்று நெகிழ்ந்துபோவார். உள்ளே பள்ளி ஸ்டோர் ரூமின் சரித்திரமே இருந்தது: சாக்பீஸ் தூள், செத்த கரப்பான், ரோம் சாக்கெட்டுகளுக்குப் பக்கத்தில் வெள்ளைவெளேரென்று மூன்று பல்லி முட்டை. கீபோர்டிலிருந்து போர்டுக்குப் போகும் பட்டை ஒயரை எலி ருசி பார்த்திருந்தது. வேறு யாராக இருந்தாலும் மூடியை மூடியிருப்பார்கள். நம்மாள் முகத்தில், பந்தியில் இலை போட்டதும் வருமே, அந்தக் களை.

நேராக பிளக்கில் சொருகிவிட மாட்டார். அதற்கு ஒரு மரப்பலகை உண்டு. ஒரு ஹோல்டர், ஒரு சாக்கெட், நூறு வாட்ஸ் குண்டு பல்பு. டிவி மெக்கானிக்குகளின் சீரிஸ் பல்பு. கரண்ட் அந்த பல்பு வழியாகத்தான் பெட்டிக்குப் போகும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று எரிந்து நிற்கும், பெட்டி பிழைக்கும். இல்லையென்றால் ஒரு கணம் மின்னிவிட்டு மங்கிவிடும். பல்பு மங்கியது. நம்மாள் மனைவியைப் பெருமையோடு பார்த்தார். அந்த அம்மாள், “அந்த பல்பைக் கழட்டி பாத்ரூம்ல போடுங்க, ஒரு வாரமா இருட்டுல குளிக்கிறோம்” என்றார்.

பிறகு நேர் கரண்ட். இந்த வகைப் பெட்டிகளின் பவர் சப்ளையில், மெயின் கரண்டின் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்ன கண்டென்சர்கள் இருக்கும். உலோகம் பூசிய காகிதச் சுருள், மேலே கண்ணாடி போன்ற பிசின் உறை. முப்பது நாற்பது வருஷத்தில் உறையில் மயிரிழை விரிசல் விடும். காகிதம் காற்றின் ஈரத்தைக் குடிக்கும். சென்னைக் காற்றில் குடிக்க என்ன பஞ்சம்? சில நிமிஷம்வரை சாதுவாக இருந்த பெட்டி ‘பட்’ என்றது. காய்கறி வெட்டிக்கொண்டிருந்த மாமியார் கத்தியோடு ஓடிவந்தார். வீடு முழுக்கப் புகை, மீனும் டயரும் சேர்ந்து கருகிய நாற்றம். ஆனால் நம்மாள் நகரவில்லை. “பயப்படாதீங்க, இது வெடிக்க வேண்டியதுதான்!” என்று புகைக்குள்ளிருந்து குரல் வந்தது. அவர் சொன்னதும் நிஜம். அந்தக் கண்டென்சர் போனாலும் பல சமயம் கம்ப்யூட்டர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அன்றும் பெட்டியின் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. நிஜமான சிக்கல் அதுவல்ல.

பிபிசி மைக்ரோவை ஆன் செய்தால் முதலில் கனத்த குரலில் ‘பூ’, அடுத்து மெல்லிய குரலில் ‘பீப்’. இரண்டும் வந்தால் நலம். இது ‘பூ’வோடு நின்றது. நின்றது என்றால் ஓயவில்லை, பூவென்று ஊதிக்கொண்டே இருந்தது. பிராசசர் எழுந்திருக்கும் வேலையைப் பாதியில் விட்டுவிட்டது என்று அர்த்தம். மாமியார் ஹாலிலிருந்து, “சங்கு ஊதிடுச்சு போல” என்றார். அந்த வீட்டில் பெட்டியின் நோயை முதலில் சரியாகச் சொன்னவர் அவர்தான்.

அதன் பிறகு நம்மாள் வேறு உலகத்துக்குப் போய்விட்டார். சாக்கெட்டில் இருக்கும் ஒவ்வொரு ஐசியையும் நெம்பி எடுத்து, கால்களில் படிந்த களிம்பைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, மறுபடி குத்துவார். நாற்பது கால் ஐசியில் ஒரு கால் மடங்கினாலும் நாலு நாள் யாரோடும் பேச்சில்லை. ஒரு சிப் போய்விட்டது என்று முடிவானதும் ரிச்சி ஸ்ட்ரீட் யாத்திரை. இளவட்டக் கடைக்காரர்கள் நம்பரைக் கேட்டுவிட்டு, “மொபைல் கவரா சார்?” என்பார்கள். சந்துக்குள் ஒரு முதியவர் மட்டும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கவிழ்த்துத் தேடி எடுப்பார். வீட்டுக்கு வந்ததும் நம்மாள் மனைவியின் நெயில் பாலிஷ் ரிமூவரில் பஞ்சை நனைத்து சிப்பின் முதுகில் தேய்ப்பார். எழுத்து அழிந்தால் போலி. எவனோ வேறு சிப்பைச் சுரண்டி இந்தப் பெயரை அச்சடித்திருக்கிறான். முதல் சிப் அழிந்தது. இரண்டாவதும் அழிந்தது. ரிமூவரும் தீர்ந்தது.

நடுவில் சருமப் பராமரிப்பு. அந்தக் காலத்து ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கில் தீப்பிடிக்காமல் இருக்க புரோமின் சேர்ப்பார்கள். வருஷம் போகப் போக மஞ்சளாகிவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலில் வைத்தால் வெளுக்கும். பியூட்டி பார்லரில் தலைமுடிக்குப் போடும் க்ரீமிலும் அதே பெராக்சைடுதான். ஒரு ஆண்பிள்ளை தனியாகப் போய் நாலு பாட்டில் கேட்டால் பார்லர் பெண்கள் என்ன நினைப்பார்கள் என்று அவர் யோசித்ததேயில்லை. அக்னி நட்சத்திர வெயிலில், மொட்டை மாடியில், மனைவியின் கூழ் வடாம் ஒரு பக்கம், க்ரீம் பூசி கிளிங் ராப் சுற்றிய கம்ப்யூட்டர் மூடி ஒரு பக்கம். காக்கை எதற்கும் இரண்டையும் கொத்திப் பார்த்தது.

ஒருநாள் ராத்திரி ‘பூ’வுக்குப் பின்னால் ‘பீப்’ வந்தது. பதினாலு இஞ்ச் டிவியில் எழுத்து வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்களையெல்லாம் கூப்பிட்டார். ஸ்விட்ச் போட்ட மாத்திரத்தில் எழுந்து நிற்பதைப் பத்துத் தடவை காட்டினார். வழக்கமான சொற்பொழிவும் உண்டு: “இதைச் செஞ்ச சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் ரெண்டு பேரும்தான் 1985-ல ஏ.ஆர்.எம். சிப்பை உண்டாக்கினாங்க. உங்க செல்போனுக்குள்ள இருக்கறது அந்தப் பரம்பரைதான். அந்த சிப்போட ஒத்திகையையே வில்சன் பிபிசி பேசிக்குலதான் எழுதிப் பாத்தாங்க.” எல்லோரும் தலையாட்டினோம். ஒரு பொடியன், “அங்கிள், இதுல என்ன பண்ணலாம்?” என்று கேட்டான். நம்மாள் தடுமாறிப்போனார். ஒரு வரி புரோகிராம் அடித்தார். அவர் பெயர் திரை முழுக்க ஓடியது. பையன் கொட்டாவி விட்டான். அடுத்த வாரமே பிபிசி பரணுக்குப் போனது, காயலான் கடைக்கு ஆட்டோ போனது.

மேல்வீட்டு டீச்சரம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. கெட்டிக்காரர் என்று மட்டும் கேள்விப்பட்டிருக்கிறார். தன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“சார், ரொம்ப ஸ்லோவா இருக்கு. ஆன் ஆகவே பத்து நிமிஷம் ஆகுது.”

நம்மாள் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகர்ந்துகூடப் பார்த்தார்.

“ஆனா, ஆகுதில்லம்மா?”

“ஆகுது சார்.”

“அப்ப எனக்கு இதுல வேலை இல்லையே. ஒரு முப்பது வருஷம் பரண்ல போட்டு வைங்க. அப்புறம் எடுத்துட்டு வாங்க, பாத்துடலாம்.”