பந்து உருளாப் பருவம்: திண்டுக்கல் சமவெளியில் ரசிகர் இருத்தல் குறித்த ஓர் ஆய்வு

கால்பந்து ஆடுபவரைப் பற்றி நூல்கள் உண்டு. ஆட்டுவிப்பவரைப் பற்றி உச்ச நீதிமன்றத் தீர்ப்பே உண்டு. ஆட்டம் நின்றுபோன காலத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரைப் பற்றி மட்டும் யாரும் ஒரு பக்கம் எழுதவில்லை. அந்த இடைவெளியை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். (இடைவெளி இருக்கிறது என்று சொல்லாமல் எந்த ஆய்வும் தொடங்கக் கூடாது என்பது மரபு. யாருக்கும் வேண்டாத காரணத்தால்தான் இடைவெளி இருந்ததா என்று கேட்பது மரபன்று.)

ஆய்வுக் களம்: திண்டுக்கல் நகரும் சுற்றியுள்ள சமவெளியும். ஒரு பக்கம் சிறுமலை, மேற்கே கொடைக்கானல் மலை, நடுவில் மலைக்கோட்டைப் பாறை. இக்களத்தில் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) மைதானம் கிடையாது. சென்னையின் எஃப்.சி.யை நேரில் பார்க்க வேண்டுமானால் இரவு ரயிலேறி நானூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். கேரளா பிளாஸ்டர்ஸ் ஆடிவந்த கொச்சி அதைவிடக் கிட்டே. ஆயினும் களத்தவர் சென்னையின் நீலச் சட்டையே அணிவர். மஞ்சள் அணிவோர் சிறுபான்மையினர், அவரும் மழைக்காலத்தில் வெளியே போட்டுவருவதில்லை (காண்க: பேருந்து நிலையப் பெஞ்சு, கிழக்கு ஓரம்).

ஆய்வுக் காலம்: 2025 ஜூலை 11 முதல் 2026 பிப்ரவரி 14 வரை, 218 நாள்.

சிக்கலின் வரலாற்றைச் சுருக்கிவிடலாம், ரசிகருக்கு அது மனப்பாடம். 2010இல் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் ரிலையன்ஸ் தரப்போடு 15 ஆண்டுக்கு, 700 கோடி ரூபாய்க்கு ஓர் ஒப்பந்தம் போட்டது. அது 2025 டிசம்பர் 8இல் முடியவிருந்தது. சம்மேளனத்தின் புதிய அமைப்புவிதி உச்ச நீதிமன்றத்தில் இருந்ததால் புதுப்பிக்கும் பேச்சு நின்றது. அந்தத் தரப்பில் லீகை நடத்திவந்த எஃப்.எஸ்.டி.எல். நிறுவனம் ஜூலை 11 அன்று, 2025–26 சீசனை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் பெங்களூரு அணி வீரர்களின் சம்பளத்தை நிறுத்தியது. சென்னையின் தன் வேலைகளையே நிறுத்தியது. செப்டம்பர் 19இல் தீர்ப்பு வந்தது. அக்டோபரில் டெண்டர் விட்டார்கள். நவம்பர் 7 கெடு முடிந்தபோது கேட்டு வந்தவர் எவரும் இல்லை.

முதலாளிக்கும் வீரருக்கும் நேரடிச் சண்டை என்றால் யார் பக்கம் நிற்பது என்று ரசிகர் அரை மணியில் முடிவு செய்துவிடுவார். இது அப்படியல்ல. இது இரண்டு சாவி போட்டால்தான் திறக்கும் திண்டுக்கல் பூட்டு. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பூட்டைச் செய்கிறவர்களிடம் கேட்டால் இரண்டாவது சாவி யாரிடம் இருக்கும் என்று சொல்லிவிடுவார்கள். இங்கே ஒரு சாவி சம்மேளனத்திடம், இன்னொன்று நிறுவனத்திடம், மூன்றாவது நீதிமன்றத்தில், கிளப் முதலாளிகள் கையில் எண்ணெய்க் குப்பி மட்டும். வீரர் கதவுக்கு உள்ளே. ரசிகர் வெளியே. பூட்டுத் தொழிலில் நாற்பது ஆண்டு கண்ட ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, “சாவிய விடுங்க தம்பி, கதவு யாருதுன்னு மொதல்ல கேளுங்க” என்றார். அவர் ஆய்வாளர் அல்லர் என்பதால் இக்கருத்து சேர்க்கப்படவில்லை.

ரசிகர் வகைப்பாடு

நம்புவோர்: மூவர்.

நம்பாதோர்: ஒருவருமில்லை, நம்பாதவர் பெஞ்சுக்கு வருவதில்லை.

நம்பாததுபோல் நடிப்போர்: ஏனையோர் அனைவரும்.

இரவு பன்னிரண்டரைக்கு இங்கிலாந்து ஆட்டம் பார்க்கப் போனவர்: துரோகிகள். ஆய்வுக்கு அப்பாற்பட்டவர்கள்.

நத்தத்தில் டி.என்.பி.எல். கிரிக்கெட் பார்க்கப் போனவர்: திண்டுக்கல் டிராகன்ஸ் 2024இல் கோப்பை வென்றதால் மன்னிக்கப்பட்டார்கள்.

சட்டம் கற்றோர்: இவ்வகை புதிது. ஆஃப்சைடு எது என்று கேட்டால் இன்றும் கையை ஆட்டி எதையோ சொல்பவர், அக்டோபர் டெண்டரில் குறைந்தபட்சத் தொகை ஏன் கட்டுப்படியாகாது என்பதை டீ ஆறுமுன் விளக்கிவிடுவார். “அமைப்புவிதி வந்துருச்சுல்ல, இனி அவெய்ங்களால நழுவ முடியாதுண்ணே” என்று ஒருவர் செப்டம்பரில் சொன்னார். நழுவினார்கள். அவரே நவம்பரில் மறுபடி விளக்கினார், அதே உறுதியோடு (மேற்படி பெஞ்சு, மேற்கு ஓரம், அங்கே பாடபேதம் உண்டு, “நழுவ” என்பதற்கு “நகர” என்றும் கேட்டதாகச் சிலர்).

திணைக் கோட்பாடும் ஐ.எஸ்.எல். அட்டவணையும்

தமிழில் எதை ஆராய்ந்தாலும் ஐந்திணையில் பொருத்தாமல் விட்டால் நெறியாளர் கையெழுத்துப் போடமாட்டார். ஆகவே பொருத்துவோம். பொருந்தாததைப் பொருத்துவதே ஆய்வு. பொருந்துவதைப் பொருத்தப் பூட்டுக்காரர் போதும்.

குறிஞ்சி: பந்தும் வலையும் சேர்தல். இக்காலத்தில் நிகழவில்லை.

மருதம்: ஊடல். முதலாளிக்கும் சம்மேளனத்துக்கும் உரியது. ஊடல் தீர்க்க வாயில்கள் செல்வர் என்பது இலக்கணம். இங்கே முன்னாள் நீதிபதி தலைமையில் குழு வந்தது, கடைசியில் மத்திய அமைச்சர் வந்தார். பாணர் வரவில்லை, யூடியூப் சேனல்காரர்கள் வந்தார்கள்.

நெய்தல்: இரங்கல். கடலில்லாத ஊருக்கு ஆகாது. சென்னைக்காரர் இரங்கிக்கொள்ளட்டும்.

எஞ்சியது முல்லை, அதன் உரிப்பொருள் இருத்தல். இங்குதான் இவ்வாய்வு தமிழுலகுக்குப் பெருங்கொடை ஒன்றை அளிக்கிறது. முல்லைக்குப் பெரும்பொழுது கார். கார் என்பது ஆவணியும் புரட்டாசியும். கார் தொடங்குமுன் வருவேன் என்று தலைவன் சொல்லிப் போவான், தலைவி காத்திருப்பாள். இப்போது ஐ.எஸ்.எல். தொடங்கிய நாள்களைப் பாருங்கள். முதல் சீசன் 2014 அக்டோபர் 12: புரட்டாசி. 2018 செப்டம்பர் 29: புரட்டாசி. 2022 அக்டோபர் 7: புரட்டாசி. 2023 செப்டம்பர் 21: புரட்டாசி. 2024 செப்டம்பர் 13: ஆவணிக் கடைசி. தலைவன் காரில் வரும் வழக்கமுடையவன் என்பது இதனால் ஐயமற நிறுவப்பட்டது.

2017, 2020, 2021ஆம் ஆண்டுகளில் சீசன் நவம்பரில் தொடங்கியதே, 2019இல் ஐப்பசியில் தொடங்கியதே என்று கேட்கலாம். அவை இடைச்செருகல்கள். கோட்பாட்டுக்கு ஒத்துவராத பாட்டை இடைச்செருகல் என்று தள்ளும் உரிமை பேராசிரியர்களுக்கு மட்டும் உரியதன்று.

2025 ஆவணி வந்தது, போயிற்று. புரட்டாசி வந்தது. பெருமாள் கோயிலில் சனிக்கிழமைக் கூட்டம் வந்தது. மழையும் ஒரு மாதிரி வந்தது. அட்டவணை வரவில்லை. முல்லைப் பாட்டுகளில் இவ்விடத்தில் தோழி பேசுவாள்: இது பருவ மழையன்று, ஏதோ வம்புக்கு வந்த மழை, கொன்றை ஏமாந்து பூத்துவிட்டது, நீ கலங்காதே என்பாள். அக்டோபர் கடைசியில் கோவாவில் சூப்பர் கோப்பை தொடங்கியபோது பெஞ்சில் ஒருவர், “ஆரம்பிச்சுட்டாய்ங்கடா!” என்று எழுந்தார். பக்கத்திலிருந்தவர் அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். “இது அது இல்ல மாப்ள. இது சும்மா கண்ணுல காட்டுறது. உக்காரு.” தோழி கூற்றுக்கு இதைவிடத் தெளிவான சான்று அகத்தில் இல்லை, தோழிக்கு இங்கே மீசை இருந்தது என்பது மட்டுமே வேறுபாடு.

இதற்கு மேலும் வலுச் சேர்க்கும் ஆவணம் ஒன்று உண்டு (சலூன் நாட்காட்டி, புரட்டாசித் தாள், பின்பக்கம், பென்சில் குறிப்பு, தாளின் கீழ்ப்பாதி வடை மடிக்கப் போய்விட்டதால் “ஐ.எஸ்.” என்பது வரையே கிடைக்கிறது, அடுத்த எழுத்து “எல்” என்பது நம் கருத்து, “ஐ.எஸ்.ஐ. முத்திரை” என்பது எண்ணெய்க் கடைக்காரர் கருத்து, இரண்டாவதை ஏற்பதற்கில்லை, அவர் கிரிக்கெட் பார்ப்பவர்). இப்பொருள் குறித்து விரிவாகப் பேசும் மூலநூல் ஒன்றும் இருந்தது. அதன் பெயர் தெரியவில்லை, ஆசிரியர் தெரியவில்லை, பக்கம் மட்டும் தெரியும்: 214. கடல்கோளில் போயிருக்கலாம். நூல் கிடைக்காமையே அதன் தொன்மைக்குச் சான்று; தொன்மையே அதை மறுக்க முடியாமைக்குச் சான்று.

ஒரு சிறு தொல்லை. திண்டுக்கல் சமவெளி காடுமன்று, காட்டைச் சேர்ந்த நிலமுமன்று. முல்லையும் குறிஞ்சியும் மழையின்றித் திரிந்தால் பாலை என்பர். களத்தின் மானாவாரி நிலத்தை மே மாதத்தில் பார்த்தவர் அதை ஒப்புவர். ஆனால் பாலையின் உரிப்பொருள் பிரிதல். பிரிந்து போனவர் யார்? வீரர்கள் போகவில்லை. அவர்கள் இங்கேயேதான் இருந்தார்கள், சம்பளம்தான் பிரிந்துபோயிற்று.

பனியன் அடுக்கியல்

காலத்தைக் கணிக்க நம்பகமான கருவி ஜெர்சி. 2018 மார்ச் 17 அன்று சென்னையின் பெங்களூரை அதன் சொந்த மைதானத்திலேயே 3–2 என்று வென்று இரண்டாம் முறை கோப்பை தூக்கியபின் வாங்கப்பட்ட நீலச் சட்டை ஒன்று இவ்வாய்வுக்குக் கிடைத்தது. மேலடுக்கு: வெளியே போடும் நிலை. அடுத்து, வீட்டில் போடும் நிலை. அடுத்து, தூங்கும்போது மட்டும் போடும் நிலை. 2025 ஆகஸ்டில், கிளப் கதவைச் சாத்திய வாரத்தில், அது டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியின் டேங்க் துடைக்கும் நிலைக்கு இறங்கியது. ஜனவரியில் அது மீண்டும் கொடியில் காய்ந்தது. துவைத்து, கஞ்சி போட்டு, காலர் திருப்பி. நெஞ்சுச் சின்னத்தின் மேல் மட்டும் என்ஜின் ஆயில் கறை, பிசுக்குப் போகவில்லை. கறையின் காலத்தைத் துல்லியமாக அறிய ஃப்ளோரிடாவுக்கு மாதிரி அனுப்ப வேண்டும், கீழடிக்கே அறிக்கை வெளிவருவதற்குள் என்னென்னவோ நடந்ததால், உரிமையாளர் வாக்கே ஏற்கப்பட்டது: “தீபாவளிக்கு முன்னாடிண்ணே.”

மேலைநாட்டு ஒப்பீடு

இந்த இயல் இல்லாவிட்டால் பன்னாட்டுக் கருத்தரங்கில் படிக்க முடியாது. (பன்னாடு என்பது உள்ளூர்க் கல்லூரியும், இணையவழியில் இலங்கையிலிருந்து வந்து ஒலி சரியில்லை என்று போய்விடும் ஒருவரும் சேர்ந்தது. கட்டணம் தனி, சான்றிதழ் உண்டு, மதியம் சாம்பார் சாதம்.) இங்கிலாந்தில் வாரத்துக்கு 20 பவுண்டுக்கு மேல் எந்த வீரருக்கும் சம்பளமில்லை என்ற விதி 1961 ஜனவரி வரை இருந்தது. ஜிம்மி ஹில் தலைமையில் வீரர் சங்கம் வேலைநிறுத்தத்துக்கு நாள் குறித்ததும் முதலாளிகள் இறங்கிவந்தார்கள். 1987இல் அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது முதலாளிகள் மூன்று வாரத்துக்கு மாற்று வீரர்களை வைத்து ஆட்டம் நடத்தினார்கள்.

அங்கெல்லாம் வீரர்கள் தாமே ஆட மறுத்தார்கள், அல்லது மறுப்போம் என்று மிரட்டினார்கள். 2026 ஜனவரித் தொடக்கத்தில் நம் வீரர்கள் செய்தது வேறு. சுனில் சேத்ரி, குர்பிரீத் சிங் சந்து, சந்தேஷ் ஜிங்கன் உள்ளிட்டோர் ஒரு காணொளியில் ஒவ்வொருவராகத் தோன்றி, எங்களை ஆடவிடுங்கள் என்று ஃபிஃபாவிடம் கேட்டார்கள். உழைக்க விடு என்று தொழிலாளி ஊர் முழுக்கக் கேட்டும் முதலாளிகள் அசையாத தகராற்றுக்கு மேலைநாட்டு உதாரணம் நான் தேடியவரை அகப்படவில்லை. அந்தக் காணொளி ஓடியபோது பெஞ்சில் யாரும் விளக்கம் சொல்லவில்லை, சட்டம் கற்றவர் உட்பட. டீ மாஸ்டர்கூடப் பாலை ஆற்றாமல் நின்றார். இதை எந்தத் திணையில் சேர்ப்பது என்று நெறியாளர் கேட்டால் நான் பதில் சொல்வதாக இல்லை.

முடிபு

ஜனவரி 6 அன்று அமைச்சர் மன்சுக் மாண்டவியா, பிப்ரவரி 14இல் 14 அணிகளோடு லீக் தொடங்கும் என்று அறிவித்தார். தொடங்கியது. இதில் இலக்கணச் சிக்கல் ஒன்று உண்டு. பிப்ரவரி 14 மாசித் தொடக்கம். மாசியும் பங்குனியும் பின்பனி. பின்பனி பாலைக்கு உரியது, பாலை பிரிவுக்கு உரியது. கூட வேண்டிய காரில் கூடாமல், பிரிய வேண்டிய பின்பனியில் தலைவன் வந்து நிற்கிறான். இதற்குத் திணை மயக்கம் என்று பெயர் சூட்டிவிட்டால் வாய்மொழித் தேர்வில் யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். கேட்பவருக்கும் அதற்குமேல் தெரியாது.

முதல் ஆட்டத்தன்று பெஞ்சு நிறைந்திருந்தது. 218 நாள் இருந்தவர்களின் மெய்ப்பாடுகளைப் பதிவுசெய்யத் தாளும் பேனாவுமாக நான் காத்திருந்தேன். கண்ணீர், பெருமூச்சு, மயிர்க்கூச்சம், மூன்றுக்கும் தனித்தனிப் பத்தி போட்டிருந்தேன். கறைபட்ட நீலச் சட்டைக்காரர் போனில் அட்டவணையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். வழக்கம்போல் ஒவ்வோர் அணியோடும் உள்ளூரில் ஒன்று, வெளியூரில் ஒன்று என்றில்லை. ஒரே ஒரு முறை. மொத்தம் 91 ஆட்டம்.

“ஆளுக்குப் பதிமூணு மேட்ச்தானா? இதுக்கா இம்புட்டு நாளு ஒக்கார வச்சாய்ங்க?” என்றார் (நேரில் கேட்டது, பெஞ்சு, கிழக்கு ஓரம், இரண்டாவது டீக்கும் மூன்றாவது டீக்கும் இடையில், தகவலாளர் மேற்கொண்டு பேச மறுத்து, போனை என் பக்கம் சாய்க்காமல் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்).