முந்தி வந்தவர்

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் வேலைக்கோ படிப்புக்கோ போய் இறங்கும் தமிழ்ப் பிள்ளை எவருக்கும் முதல் வாரத்திலேயே ஓர் அண்ணன் கிடைத்துவிடுவார். தேடிப் போக வேண்டாம், அவரே வந்துவிடுவார். கோயம்புத்தூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ மூன்று வருஷம் முன்னால் வந்தவர். கார் கம்பெனிக்கோ, அதற்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனிக்கோ மென்பொருள் எழுதுவது சம்பளத்துக்காக. அவர் பிறவி எடுத்தது, புதிதாக வருகிறவர்களைக் குடியமர்த்துவதற்காக.

மூன்று வருஷம் என்பதுதான் இதற்குச் சரியான பருவம். பத்து வருஷம் ஆனவர்கள் வீடு வாங்கி, பிள்ளைகளைப் பள்ளியில் போட்டுவிட்டு, புது ஆள் நம்பர் என்றால் போனையே எடுக்க மாட்டார்கள். ஆறு மாசம் ஆனவனுக்குத் தன் பாடே பெரும்பாடு. நடுவில் இருக்கிற இவருக்குத்தான் பட்டது மறக்கவும் இல்லை, சொல்ல ஆளும் கிடைக்கவில்லை.

பாடம் ரயில் நிலையத்திலேயே தொடங்கிவிடும். ஸ்டுட்கார்ட் நிலையத்தைப் புதிதாகக் கட்டும் வேலையை 2010இல் ஆரம்பித்தார்கள். 2019இல் திறப்பதாக ஏற்பாடு. தேதி தள்ளிக்கொண்டே போகிறது. பிளாட்பாரத்திலிருந்து ஊருக்குள் வரத் தடுப்புப் பலகைகளுக்கு நடுவே நெடுநடை நடக்க வேண்டும். “நம்ம ஊர்ல பாலம் கட்ட லேட்டாவுதுன்னு இனிமே யாராவது பேசுனா என்கிட்ட அனுப்பு” என்பார் அண்ணன், பெட்டியை இழுத்துக்கொண்டே. அந்த நடை முடிவதற்குள் சட்டதிட்டம் பாதி முடிந்துவிடும். குடி போன இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். தபால் பெட்டியில் பெயர் ஒட்ட வேண்டும், ஒட்டாவிட்டால் பேங்க் கார்டு வந்த வழியே திரும்பிப் போகும். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. ரேடியோ, டிவிக்கு வீட்டுக்கு மாசம் 18.36 யூரோ கட்ட வேண்டும்.

“என்கிட்ட டிவியே இல்லையேண்ணா.”

“இல்லாததுக்கும் சேர்த்துதான்.”

அடுத்தது குப்பை. இதில் அண்ணன் முனைவர் பட்டம் வாங்காத குறை. தயிர் டப்பாவை எடுத்து, அலுமினிய மூடியை முழுக்கக் கிழித்து, டப்பாவைச் சுற்றியிருக்கும் அட்டையை உருவி, மூன்றையும் மேசையில் தனித்தனியாக வைத்துக் காட்டுவார். தயிரை யார் சாப்பிட்டது என்பது முக்கியமில்லை. கண்ணாடி பாட்டிலை வெள்ளை, பச்சை, பழுப்பு என்று பிரித்துத் தெருமுனைத் தொட்டியில் போட வேண்டும். அதையும் ஞாயிற்றுக்கிழமை போடக் கூடாது, உடைகிற சத்தத்தில் அக்கம்பக்கத்தார் ஓய்வு கெடும். தண்ணீர் வரும் பிளாஸ்டிக் பாட்டிலைத் தூக்கிப் போடுவதோ மகாபாவம். கடையில் இருக்கும் மெஷினுக்குள் நுழைத்தால் 25 சென்ட் திரும்பக் கிடைக்கும். அண்ணன் வீட்டுப் பால்கனியில் எப்போதும் இரண்டு மூட்டை பாட்டில் இருக்கும். அவருடைய வைப்புநிதி அது.

இத்தனை அதிகாரமும் ஆட்டம் காணும் இடம் ஒன்று உண்டு: கறிவேப்பிலை வாங்கும் யாழ்ப்பாணத்துக்காரர் கடை. புதுப் பையனைக் கூட்டிக்கொண்டுபோய், எந்த அரிசி நல்லது, முருங்கைக்காய் என்றைக்கு வரும் என்று அண்ணன் அங்கே விளக்கிக்கொண்டிருப்பார். கடைக்காரர் கேட்டுக்கொண்டே காயை நிறுப்பார்.

“தம்பி எவ்வளவு காலம் இஞ்ச?”

“மூணு வருஷம் ஆச்சுண்ணே.”

“மூண்டு வருசமோ? அப்ப இப்பதான் வந்திருக்கிறியள். நாங்கள் எண்பத்தஞ்சில வந்தனாங்கள். அப்ப கறிவேப்பிலையும் இல்லை, சொல்லித்தர ஆக்களும் இல்லை.”

அன்றைக்கு முழுக்க அண்ணன் பேச்சு கொஞ்சம் குறைவாக இருக்கும்.

நட்பு பற்றி அவருக்கு ஒரு சித்தாந்தம் உண்டு. “இங்க ஃப்ரெண்ட் புடிக்கிறது நடக்காத காரியம்டா. காபி குடிக்கலாமான்னு கேட்டா காலண்டரை எடுப்பான். மூணு வாரம் கழிச்சு வியாழக்கிழமை அஞ்சரைன்னு சொல்லுவான். கரெக்டா அஞ்சரைக்கு வந்தும் நிப்பான்.” இதில் குறை எங்கே என்று கேட்டால், “உனக்கு இப்பப் புரியாது” என்பார். அலுவலகத்தில் அவருடைய முதல் பிறந்தநாளன்று, கேக் வரும் என்று அவர் சாயங்காலம்வரை காத்திருந்தார். அந்த ஊரில் பிறந்தநாள்காரர்தான் கேக் கொண்டுவர வேண்டும். ஆகவே மற்றவர்கள் அவருக்காகக் காத்திருந்தார்கள். இரு தரப்பும் பசியோடு வீடு போய்ச் சேர்ந்தது.

போன வருஷம் அவர் குடியமர்த்திய தம்பி ஒருவன், நெல்லைச் சீமைக்காரன். தான் இருக்கும் கட்டடத்திலேயே மாடியில் ஓர் அறை பிடித்துக் கொடுத்தார். அங்கே படிக்கட்டு முறை என்று ஒன்று இருக்கிறது. ஸ்வாபியா வட்டாரத்துக்கே உரிய வழக்கம். வாசல் கதவில் பலகை தொங்கினால் அந்த வாரம் பொதுப் படிக்கட்டைப் பெருக்கித் துடைப்பது உங்கள் பொறுப்பு. ஒருகாலத்தில் ஊர்ச் சட்டமாகவே இருந்தது, இப்போது வாடகை ஒப்பந்தத்தில் உயிரோடு இருக்கிறது. மேற்பார்வைக்கு மூன்றாம் மாடியில் ஒரு பாட்டி. “அந்தம்மா கண்ணுல மட்டும் பட்டுராத” என்று அண்ணன் எச்சரித்திருந்தார். அவர் முறை வரும்போது விடியற்காலையில், பாட்டி எழுந்திருக்கும் முன்பே, கம்பியின் அடிப்பக்கம் வரை துடைத்து முடித்துவிடுவார். குறை சொல்ல ஒரு தூசி கிடையாது. பாட்டியும் மூன்று வருஷமாக அவரிடம் ஒரு வார்த்தை பேசியது கிடையாது.

தம்பிக்கு முறை வந்தது. ஊரில் வாசல் தெளித்த ஞாபகத்தில், பட்டப்பகலில், ஒரு வாளித் தண்ணீரை மேல்படியிலிருந்து அப்படியே கவிழ்த்தான். கீழ்வீட்டு மிதியடிகள் மிதந்தன. பாட்டி கதவைத் திறந்துகொண்டு வந்தார். அவர் பேசியது அந்த வட்டாரத்து மொழி. அந்த மாநில அரசே, எங்களுக்கு எல்லாம் வரும், செந்தர ஜெர்மன் மட்டும் வராது என்று தன்னைக் கிண்டலடித்து 1999 முதல் விளம்பரம் செய்த ஊர். தம்பி சென்னையில் படித்துத் தேறிய முதல்நிலை ஜெர்மன் அங்கே கால் காசுக்கு உதவவில்லை. “யா, யா” என்று மட்டும் சொன்னான். பாட்டி துடைப்பத்தைப் பிடுங்கி, துணியை எப்படிப் பிழிவது என்று காட்டினார். அவன் பிழிந்தது பிடிக்காமல் மறுபடி காட்டினார். ஒரு மணி நேரம் இருவரும் படிக்கட்டைத் துடைத்தார்கள். மறு வாரம் ப்ளம் கேக் வந்தது. பதிலுக்கு ரசம் போயிற்று. ரசத்துக்குப் பாட்டி இருமிய இருமல் கீழே அண்ணன் வீட்டுக்குக் கேட்டது. கிண்ணம் மட்டும் காலியாகத்தான் திரும்பி வந்தது.

இப்போது சனிக்கிழமைகளில் பாட்டி அவனுக்கு உருளைக்கிழங்கு சாலட் செய்யக் கற்றுத்தருகிறார். இதை அண்ணன் எங்களிடம் சொல்லும்போது, “அவனுக்கு இன்னும் ரூல்ஸ் தெரியலப்பா” என்று சேர்த்துக்கொண்டார்.

இந்த அக்டோபரில் இன்னொரு பையன் வருகிறான் என்று கேள்விப்பட்டு அண்ணன் ஸ்டேஷனுக்குப் போனார். பிளாட்பாரத்தில் ஏற்கெனவே நெல்லைத் தம்பி நின்றுகொண்டிருந்தான்.

“நீ எங்கடா இங்க?”

“புதுசா ஒருத்தன் வாரான்ணே. பாவம், ஒண்ணும் தெரியாது.”

வண்டி நாற்பது நிமிஷம் தாமதம். முதலில் முகவரிப் பதிவா, சிம் கார்டா என்று அதற்குள் ஒரு வாக்குவாதம் நடந்து முடிந்தது. பையன் இறங்கியதும் ஆளுக்கொரு பெட்டியைப் பறித்துக்கொண்டார்கள்.

“மொதல்ல அட்ரஸ் பதியணும்” என்று ஆரம்பித்தார் அண்ணன்.

“அதுக்கு ஊர்லேர்ந்தே நேரம் வாங்கிட்டேண்ணா. செவ்வாய்க்கிழமை பத்தரை. சிம்மும் போட்டாச்சு. லெட்டர்பாக்ஸ்ல ஒட்டறதுக்குப் பேர்கூட பிரின்ட் எடுத்துட்டு வந்திருக்கேன்.”

அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பையன் கையிலிருந்த தண்ணீரைக் குடித்து முடித்து, காலி பாட்டிலோடு குப்பைத்தொட்டியை நோக்கித் திரும்பினான்.

“டேய்!” என்று பெட்டிகளைப் போட்டுவிட்டு இருவரும் பாய்ந்தார்கள். “இருபத்தஞ்சு சென்ட்ரா!”