அம்மாவுக்கு எதைக் காட்டுவது?

கேள்வி: கொட்டாம்பட்டியிலிருந்து அம்மா முதல்முறையாகச் சிங்கப்பூர் வருகிறார். எங்கே கூட்டிப்போகலாம்?

பதில்: மெரினா பே கோபுரங்கள் எங்கும் ஓடிவிடாது; முதலில் தேக்கா சந்தைக்குப் போங்கள். முருங்கைக்காய் விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்து, "இந்தக் காசுக்கு நம்மூர்ல மரமே வாங்கலாமேப்பா" என்பார். பெருக்கட்டும், தடுக்காதீர்கள். அம்மாக்கள் ஊர் பார்ப்பதே அப்படித்தான்.

அடுத்து, டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில். 1859இல் நகரத்தார் கட்டியது. நம் பக்கத்துச் சீமைக்காரர்கள் கப்பலேறி வந்து வைத்த முருகன் என்று சொல்லுங்கள். கோயில் சட்டென்று சொந்தமாகிவிடும். சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் அதற்கும் மூத்தவள், 1827.

ஒன்று மறக்காதீர்கள்: நீங்கள் தினமும் சாப்பிடும் உணவங்காடி. "சாப்பிட்டியா" என்று போனில் கேட்டே காலம் கழித்தவர் அவர். அங்கே உட்கார்ந்து, அவர் கண்முன்னே வயிறாரச் சாப்பிடுங்கள்.