சிக்கனத்தை ஆருக்குப் படிப்பிக்கிறீங்க?

2022 ஏப்ரல் 12ஆம் திகதி இலங்கை அரசாங்கம் ஓர் அறிவிப்பு விட்டது. வெளிநாடுகளில் வாங்கின கடனை இப்போதைக்குக் கட்ட ஏலாது. மொத்த வெளிநாட்டுக் கடன் ஏறத்தாழ 5,100 கோடி டொலர். கட்ட ஏலாது என்று சொன்னவர்களை ஒருவரும் படலையில் வந்து நின்று ஏசவில்லை. மாறாக, மரியாதை கூடியது. லாசார்ட், கிளிஃபர்ட் சான்ஸ் என்று உலகத்தின் விலை உயர்ந்த ஆலோசகர்கள் வந்தார்கள். 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் புதுக் கடன் தர ஒப்புக்கொண்டது. நாட்டில் வெடி கொளுத்தினார்கள், பாற்சோறு கிண்டினார்கள்.

இதையே மட்டக்களப்பில் கல்லடி உப்போடையில் ஒரு வீட்டுக்காரி செய்து பார்க்கட்டும். காலமை கடைக்குப் போய், "அண்ணன், இண்டையிலிருந்து கொப்பிக் கணக்கை இடைநிறுத்துறன். என்ர சார்பில பேசுறதுக்குப் பாரிசிலயிருந்து ஆக்கள் வருவாங்க. அதுவரைக்கும் ரெண்டு கிலோ சீனியும் ஒரு பால்மா பக்கெட்டும் தாங்க" என்று சொல்லட்டும். பின்னேரத்துக்குள் அவள் பெயர் நொச்சிமுனை வரைக்கும் நாறிப் போயிருக்கும். வட்டியைக் குறைக்க அவளுக்கு வழியில்லை, முதலில் ஒரு பங்கை வெட்டவும் வழியில்லை. ஆனபடியால் அவள் மாதம் பிறந்ததும் கொப்பியைத் தீர்க்கிறாள். காதில் கிடந்ததை அடகு வைத்தாவது தீர்க்கிறாள்.

ஆனால் வரவு செலவுத் திட்டம் எழுதுவது எப்படி என்ற வகுப்பு அவளுக்குத்தான் நடக்கிறது. திறைசேரிக்கு நடப்பதாகக் கேள்விப்படவில்லை.

இந்த வகுப்புகளை நம்முடைய பக்கத்தில் காணாதவர்கள் இல்லை. ஒரு மண்டபம், ஒரு பதாகை, பிளாஸ்டிக் கதிரைகள், ஆளுக்கொரு பேனையும் கொப்பியும். குளிரூட்டின வாகனத்தில் வந்திறங்கிய ஐயா பலகையில் நடுவே ஒரு கோடு போடுவார். இடப்பக்கம் தேவை, வலப்பக்கம் ஆசை. "ஆசையைக் குறைச்சா தேவைக்குக் காசு மிஞ்சும் அம்மா." கொப்பிக்குள் வலப்பக்கம் எழுத ஒன்றுமில்லாமல் இருக்கிற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். சிலர் மரியாதைக்காக மீன் என்று எழுதுவார்கள். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் குடியிருந்துகொண்டு மீனை ஆசைப் பட்டியலில் எழுதுகிற காலம் வந்திருக்கிறதே, அந்த ஐயாவுக்கு அது உறைக்கவா போகிறது? வகுப்பு முடியப் படம் எடுப்பார்கள். அன்றைய பணிஸும் போத்தல் தண்ணீரும் எந்தப் பக்கத்தில் வரும் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

கல்லடிப் பெண்ணின் சிக்கனத்தைப் பார்க்க ஆசையென்றால் மண்டபத்துக்குப் போகவேண்டாம், சில்லறைக் கடை ஒன்றின் வாசலில் கொஞ்சநேரம் நின்றால் போதும். தேயிலை 50 கிராம் பக்கெட். பருப்பு 100 கிராம், தராசு அசைந்து நிற்கும்வரை கண் எடுக்காமல் பார்த்து வாங்குவார்கள். எண்ணெய் கொண்டுவந்த சின்னப் போத்தலின் கழுத்துக்குக் கீழே ஒரு விரற்கடை. 2025 தொடக்கத்தில் தேங்காய் ஒன்று 200 ரூபாவைத் தாண்டியபோது பாதித் தேங்காய் கேட்டு வந்தவர்கள் எத்தனை பேர்.

"அண்ணன், பாதி இரிக்கா?"

"காலமையே முடிஞ்சிட்டுகா. முழுசா எடுங்க, கொப்பியில போடுறன்."

"முழுசு எடுத்தா சீனிய விடணும். மறுகா வாறன்."

அவள் மறுகா வரமாட்டாள் என்று கடைக்காரருக்கும் தெரியும். வீட்டில் இரண்டாம் பால், மூன்றாம் பால் எல்லாம் தாண்டி, நாலாவது தடவையும் அந்தத் திருவலைப் பிழிந்துகொண்டிருப்பாள். அதோடு இன்னொரு அநியாயம். 50 கிராமாக வாங்குகிறவள் ஒரு கிலோவுக்குக் கொடுக்கிற விலை, மொத்தமாக வாங்குகிறவர் கொடுக்கிற விலையை விட எப்போதும் கூட. ஏழையாக இருப்பதற்கென்றே தனியாக ஒரு வரி. அதற்கு மேல் வற் வரி. அது 2019 கடைசியில் 15 வீதத்திலிருந்து 8 ஆக இறங்கியது. திறைசேரி காலியானதும் 2022இல் 12, பிறகு 15, 2024 ஜனவரி முதல் 18 என்று ஏறியது. இறக்கினபோது குடித்துக் கூத்தாடியவர்கள் கொழும்பின் பெரிய கம்பனிகள். ஏற்றினபோது கேஸ் சிலிண்டருக்கும் சேர்த்துக் கட்டினவள் இவள்.

இப்போது "விலைவாசி கட்டுக்குள் வந்துவிட்டது" என்கிறார்கள். அதையும் பார்ப்போம். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். முந்தின வருசம் 100 ரூபாவுக்கு வாங்கின சாமான் 195 ரூபா. அடுத்த வருசம் அதே செப்டெம்பரில் உணவு விலை 5.2 வீதம் இறங்கியதாக அறிவித்தார்கள். அதாவது 195 ரூபாச் சாமான் 185 ரூபா. நூறிலிருந்து நூற்றெண்பத்தைந்துக்கு வந்ததற்கு மேடை போட்டு, மாலை போட்டு, நன்றி சொல்லச் சொல்கிறார்கள். ஏறினதில் பெரும்பங்கு ஏறினபடியே நின்றது.  கூலி அந்த அளவுக்கு ஏறவில்லை. சுட்டெண்ணும் கொழும்பு மாவட்ட நகர்ப்புறக் குடும்பங்களின் கூடையைப் பார்த்துப் போட்டது. கல்லடிக் கூடைக்குள் எட்டிப் பார்க்க ஆருக்கு நேரம்?

சீனிக் கதையை மறந்தவர்களுக்கு நினைவூட்ட வேண்டும், ஏனென்றால் மறக்க வேண்டும் என்றுதான் அவர்கள் விரும்புகிறார்கள். 2020 ஒக்டோபரில் இறக்குமதிச் சீனி கிலோவுக்கு 50 ரூபாவாக இருந்த விசேட பண்ட வரியை ஒரே இரவில் 25 சதமாக்கினார்கள். ரூபா அல்ல, சதம். சனங்களுக்கு நிவாரணமாம். கல்லடிக் கடையில் சீனியின் விலை இறங்கவில்லை. தேத்தண்ணியில் ஒரு கரண்டி கூடவில்லை. அரசாங்கத்துக்கு 1,590 கோடி ரூபா வருமானம் போனது என்று கணக்கு வந்தது; போன காசு இறக்குமதியாளர்களின் பையில் இருந்தது. 2023 நவம்பரில் அதே வரியை அதே மாதிரி ஓர் இரவில் 50 ரூபாவுக்கு ஏற்றினார்கள். விடிஞ்சதும் கடையில் விலை ஏறியது! வரி இறங்கினால் கொழும்புத் துறைமுகத்தோடு நின்றுவிடும், ஏறினால் மட்டும் கல்லடிப் பாலத்தைத் தாண்டி ஓடி வரும்.

அரிசிக் கதை இதைவிடக் கேவலம். படுவான்கரை முழுக்க வயல். 2021இல் இரவோடிரவாக இரசாயனப் பசளையைத் தடைசெய்து அந்த வயல்களை மஞ்சளாக்கினது வேறு கதை. தடையை நீக்கியபோது பெரும்போகத்துக்குப் பிந்திவிட்டது. விளைகிற நெல் லொறி ஏறிப் பொலநறுவைப் பக்கம் போகிறது. பெரிய ஆலைகளில் அரிசியாகி, பைக்குள் புகுந்து, மறுபடி நமக்கே வருகிறது. 2021 செப்டெம்பரில் அரசாங்கம் அரிசிக்கான கட்டுப்பாட்டு விலையை வாபஸ் வாங்கியது. உடனே ஆலை முதலாளிகள் பத்திரிகைக்காரரைக் கூப்பிட்டுத் தாங்களே விலை அறிவித்தார்கள்: நாட்டரிசி 115, சம்பா 140, கீரிச் சம்பா 165. வர்த்தமானியின் வேலையை முதலாளி செய்தார், அரசாங்கம் கைகட்டி நின்று கேட்டது. ஆட்சி மாறியது. 2024 டிசெம்பரில் புதிய சனாதிபதி ஆலைக்காரரைக் கூப்பிட்டுக் கண்டிப்பாகப் பேசினார். நாட்டரிசிக்குக் கட்டுப்பாட்டு விலை 230. முதலாளிகள் மூன்று வருசத்துக்கு முன் சொன்னதன் சரி இரட்டிப்பு! அந்த விலைக்கும் அப்போது பல கடைகளில் நாட்டரிசி இருக்கவில்லை. பலகையில் விலை இருந்தது, சாக்கில் அரிசி இருக்கவில்லை.

மாதம் 2,500 ரூபாவில் ஒரு குடும்பம் சாப்பிடலாம் என்று சொன்னதாக ஒரு காலத்தில் அமைச்சர் பந்துல குணவர்தனவை வைத்து நாடே சிரித்தது. அவர் எத்தனை விளக்கம் சொன்னாலும் அந்தத் தொகை அவரை விட்டுப் போகவில்லை. 2020இல் அவருக்கே வர்த்தக அமைச்சைக் கொடுத்தார்கள், விலைவாசியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி. 2023இல் சமுர்த்தி நிவாரணத்துக்குப் பதிலாக அஸ்வெசும கொடுப்பனவு வந்தபோது, "நிலைமாறும்" குடும்பம் என்று ஒரு பிரிவு வைத்து, அதற்கு மாதம் ஒதுக்கின தொகை எவ்வளவு தெரியுமா? அதே 2,500. சிரிச்ச வாயை மூடவும் நேரம் தரவில்லை.

கடன் மறுசீரமைப்பிலும் இதே நீதிதான். 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது வங்கிகளுக்கு விலக்களித்தார்கள், ஊழியர் சேமலாப நிதியின் வட்டியில் கை வைத்தார்கள். ஆடைத் தொழிற்சாலையில் கண் போகத் தைத்த பிள்ளையின் சேமிப்பு, நாட்டின் சிக்கனமாகிவிட்டது. அவளுடைய தாயைத்தான் மண்டபத்தில் இருத்தி, ஆசையைக் குறைக்கச் சொல்கிறார்கள்.

புதிய சனாதிபதியின் அரசாங்கத்துக்கு எண்ணத் தெரியாது என்றும் சொல்லிவிட முடியாது. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணியிலிருந்து 8.05 வரை, நாடு முழுவதும் பயிரை நாசமாக்கும் பிராணிகளை எண்ணினார்கள். குரங்கு, மந்தி, மர அணில், மயில் என்று தோட்டத்தில் கண்டதையெல்லாம் படிவத்தில் எழுதச் சொன்னார்கள். தேங்காய் விலைக்குக் குரங்கின் மேல் வழக்கு. அந்த வருசம் பெப்ரவரியில் நாடே இருண்டதற்கும் பாணந்துறையில் ஒரு குரங்கைத்தான் காட்டினார்கள். பாவம், அதற்கு வாய் இல்லை, வழக்கறிஞரும் இல்லை.

அடுத்த கணக்கெடுப்புக்குப் படிவம் அடிக்கும்போது இன்னும் இரண்டு வரி சேருங்கள். பெரிய அரிசி ஆலை முதலாளிகள் எத்தனை பேர், பெரிய சீனி இறக்குமதியாளர்கள் எத்தனை பேர். இதற்கு ஐந்து நிமிசம் தேவைப்படாது, ஒரு கை விரல்களே மிச்சம். மரத்தில் ஏறித் தேடவும் வேண்டாம். வரிக் குறைப்பு வர்த்தமானி வெளிவருகிற ராத்திரியில் திறைசேரி வாசலில் நின்றால் எல்லாரையும் ஒரே இடத்தில் எண்ணிவிடலாம்.