மாட்பாக்க இயல்

இவ்வியல் என்னுதலிற்றோ எனின், நார்வே நாட்டில் பள்ளிப் பிள்ளைக்கு வீட்டில் கட்டிக் கொடுக்கும் ரொட்டிப் பொட்டலத்தின் இலக்கணம் உணர்த்துதல் நுதலிற்று. அந்நாட்டார் அதை மாட்பாக்க என்பர். இரண்டு துண்டு ரொட்டிக்கு இலக்கணம் எதற்கு எனின், வழு உள்ள இடத்தில் இலக்கணமும் இருந்தே தீரும். இங்கே வழு ஏராளம். எல்லாம் தமிழ்த் தகப்பன் பக்கத்தில்.

ஆய்வுக்களம் லில்லஹாமர். ஆய்வுக்குட்பட்டோர் விருதுநகர்க்காரத் தகப்பன், நார்வேஜியத் தாய், சென்னையில் பிறந்து பள்ளி வயதில் இங்கே குடிவந்த மகள். ஆய்வு நெறி, காலையில் சமையல் மேடையருகே காப்பியும் கையுமாக நிற்றல். தகப்பனே ஆய்வாளன் ஆதலால் நடுநிலை பற்றி ஐயம் எழலாம். எழட்டும்.

முதற்பொருள் நிலமும் பொழுதும். நம் இலக்கணத்தில் பனி என்பது பொழுது. முன்பனி இரண்டு மாதம், பின்பனி இரண்டு மாதம் என்று வந்துவிட்டுப் போய்விடும். லில்லஹாமரில் பனி நிலமாகவே கிடக்கிறது. அதன்மேல் நடக்கிறார்கள், பிள்ளைகள் உட்கார்ந்து உண்ணவும் செய்கிறார்கள். சிறுபொழுதோ இன்னும் குழப்பம். பள்ளியில் பதினொரு மணிவாக்கில் பொட்டலம் பிரிக்கப்படும். மாலை ஐந்துக்குள் வீட்டில் சூடான சாப்பாடு முடிந்துவிடும். படுக்குமுன் மறுபடி ரொட்டி. உச்சிவேளை என்று நாம் சொல்லும் பொழுதில் இந்த நாட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. ஒரு மணிக்குப் பசித்துப் பழகிய வயிறு அலுவலகத்தில் தனியாகக் கூவிவிட்டு அடங்கும்.

இனிக் கருப்பொருள். ரொட்டி உறையின்மேல் நான்காகப் பங்கிட்ட வட்டம் ஒன்று அச்சிட்டிருக்கும். மாவில் முழுத்தானியம் 25 விழுக்காடுவரை எனில் ஒரு கால் மட்டும் நிறைந்திருக்கும். 75க்கு மேல் எனில் வட்டம் முழுதும் நிறைந்திருக்கும். இட்லியை இவ்வட்டத்தில் எங்கே வைப்பது என்பது எங்கள் வீட்டில் தீராத வழக்கு. வெள்ளையாக இருப்பதால் முதற்காலில் வைப்பாள் தாய். அது ரொட்டியே அன்று ஆதலால் வட்டத்துக்கு வெளியே, முடிந்தால் வட்டத்துக்கு மேலே, வைக்க வேண்டும் என்பது தகப்பன் கட்சி.

கட்டும் முறையாவது: ரொட்டித் துண்டில் வெண்ணெய் தடவி, அதன்மேல் சீஸ் சீவல் பரப்புக. மேலே இன்னொரு துண்டை வைத்து மூடற்க. மூடினால் அது சாண்ட்விச். மாட்பாக்க முகம் திறந்தே இருக்கும்; அந்த முகத்தின்மேல் ரொட்டியளவுக்கு வெட்டியே விற்கும் பட்டர் பேப்பர் ஒன்றை வைத்து, அதன்மேல் அடுத்த துண்டை அடுக்கி டப்பாவில் இடுக. இத்தாளில் எண்ணெய் இறங்காது என்பது கடைக்காரர் வாக்கு. அவர் நல்லெண்ணெயைக் கருதிச் சொல்லவில்லை. பொடியும் எண்ணெயும் தடவிய இட்லியை வட்டவட்டமாக அரிந்து தாளிட்டு அடுக்கிய அன்று, மகளுடைய கணக்கு நோட்டில் பெருக்கல் வாய்பாடு கண்ணாடிபோல் இருபுறமும் தெரிந்தது.

மேற்சொன்ன சீஸ் பழுப்பு நிறத்தது; பெயர் புருனோஸ்ட். சாத்திரப்படி அது சீஸே அன்று. சீஸ் பிரித்தபின் மிஞ்சும் நீரைக் கொதிக்கவைத்துச் சுண்டச்சுண்டக் காய்ச்சினால் பாலின் சர்க்கரை பழுத்து இந்த நிறம் வரும். லில்லஹாமருக்கு வடக்கே நீளும் குட்பிரான்ஸ்டால் பள்ளத்தாக்கில் ஆன்னே ஹோவ் என்ற பால்காரப் பெண் 1863இல் அதில் பாலேட்டையும் சேர்த்துக் காய்ச்சினார். இன்றைய வடிவம் அங்கே பிறந்தது. சுவையை அறியாதார் பொருட்டு: அடிப்பிடித்த பால்கோவாவில் உப்புப் போட்டதுபோல் இருக்கும். இதன் உள்ளாற்றலை ஐயுறுவார்க்குச் சான்று உண்டு. 2013 சனவரியில் நாட்டின் வடக்கே ஒரு சுரங்கப்பாதையில் சுமார் 27 டன் புருனோஸ்ட் ஏற்றிய லாரி தீப்பிடித்து, கொழுப்பும் சர்க்கரையுமாக நாள்கணக்கில் எரிந்தது. எங்கள் மகள் பள்ளியிலிருந்து வந்தும் ஏன் ஓட்டம் ஓயாமல் இருக்கிறாள் என்பதை இதனாற் கொள்க.

இந்தச் சீஸைக் கத்தியால் வெட்டுவது பெருங்குற்றம். அதற்கென்று ஓர் இழைப்புளி இருக்கிறது. மெய்யாகவே இழைப்புளிதான், லில்லஹாமர்த் தச்சர் தூர் பியோர்க்லுண்ட் தம் பட்டறைக் கருவியைப் பார்த்து அமைத்து 1925இல் காப்புரிமை வாங்கியது. தகட்டின் நடுவே ஒரு பிளவு, பிளவின் ஓரம் கூர். கட்டியின்மேல் வைத்து நம் பக்கமாக இழுத்தால் மெல்லிய சீவல் சுருண்டு மேலே ஏறி வரும். இழுப்பில் அழுத்தம் கூடினால் கட்டியின் நடு குழிந்து ஓரங்கள் மேடாகிவிடும். அதைப் பனிச்சறுக்கு மேடு என்று சொல்லிக் கோபப்படுவார்கள். 1994 ஒலிம்பிக்குக்குக் கட்டிய அசல் சறுக்கு மேடு ஊருக்கு மேலே நிற்கிறது; எங்கள் குளிர்பதனப்பெட்டிக்குள் அதன் மாதிரி வடிவம் அடிக்கடி எழும்பும். யார் கைவேலை என்று தாய் கேட்பாள். மகள் என்னைப் பார்ப்பாள். பருப்பில் உப்பு கூடினாலும் வாய் திறக்காத தாய், சீஸ் குழிந்தால் மட்டும் இருமுறை பெருமூச்சு விடுவதை ஆய்வாளன் குறித்துவைத்துள்ளான்.

இனி வரலாறு. நார்வேயில் சூடான பள்ளிச் சாப்பாடு ஒருகாலத்தில் இருந்தது. கார்ல் ஷியோட்ஸ் என்ற மருத்துவர் 1930களில் ஒஸ்லோப் பள்ளிகளில் அதை மாற்றினார். முழுத்தானிய ரொட்டி, சீஸ், அரை லிட்டர் பால், ஒரு பழத்துண்டு அல்லது பச்சைக் காரட் போதும் என்பது அவர் கொள்கை. பின்னாளில் பள்ளி போடுவது நின்றது. அதே வகையை வீடே கட்டிக் கொடுக்கும் வழக்கம் நிலைத்தது. இதன் பயன் பசியாற்றல் என்பார் ஒருசாரார். அது பொருந்தாது, என் மகளின் டப்பாவைக் கண்டு எந்த உயிருக்கும் பசி தோன்ற வழியில்லை. எவர் டப்பாவைப் பார்த்தும் எவரும் ஏங்காதிருத்தலே இதன் பயன் என்க. மருத்துவர் பிள்ளையும் பேருந்து ஓட்டுநர் பிள்ளையும் ஒரே மணிக்கு ஒரே பழுப்பைத் திறக்கிறார்கள்.

இம்முடிபை அடியோடு மறுக்கும் பள்ளி ஒன்று விருதுநகரில் இருக்கிறது. அதன் தலைவி எங்கள் அப்பத்தா, அதாவது மகளுக்கு அப்பத்தா, எனக்குத் தாய். சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். 1956இல் மதிய உணவைப் பள்ளிக்குக் கொண்டுவந்த காமராசர் பிறந்த ஊர், 1982இல் எம்.ஜி.ஆர். அதை விரித்தபோது கரண்டி பிடித்த கை. இவர் முன்னால் ரொட்டியை வைத்து வாதாடுவது எளிதன்று. வாட்ஸாப் காணொளியில் நடந்த உரையாடல் வருமாறு:

“மத்தியானம் என்னத்தா சாப்ட்ட?”

“ரொட்டி, அப்பத்தா.”

“ராத்திரி?”

“அதுவும் ரொட்டிதான்.”

“அடேய், அம்புட்டுப் பணக்கார ஊருல பிள்ளைகளுக்கு ஒரு கரண்டி சோறு போட மாட்டாகளா?”

எல்லாரும் சமமாக இருக்கவே இந்த ஏற்பாடு என்று ஷியோட்ஸ் சார்பில் விளக்கினேன். “சமமாத்தான போடணும்? சூடாப் போட்டா சமம் போயிருமா?” என்றார். ஆய்வாளனிடம் இதற்கு விடை இல்லை. பக்கத்து நாடான ஃபின்லாந்தில் 1948 முதல் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் இலவசமாகவே சூடாகப் போடுகிறார்கள் என்று என் மனைவி நேர்மையாக எடுத்துச் சொன்னாள். அப்பத்தா என்னைப் பார்த்து, “அப்ப நீ அந்த ஊர்லயே பொண்ணு எடுத்திருக்கலாமுல்ல?” என்றார். “நானும் அதைத்தான் சொல்றேன், அத்தை” என்றாள் மனைவி.

இருதரப்பும் இப்படி நிற்க, மகள் தனியே ஒரு பாடபேதம் உண்டாக்கினாள். ரொட்டி, வெண்ணெய், பழுப்புச் சீவல். சீவலுக்கும் வெண்ணெய்க்கும் இடையில் அப்பத்தா பார்சலில் அனுப்பிய இட்லிப் பொடி, எண்ணெய் இல்லாமல். வெளியே பார்த்தால் வகுப்பில் எல்லார் ரொட்டியும் போலவே இருக்கும். தாளும் நனையாது. பொடியை இடைச்செருகல் என்று நான் கண்டித்தேன். சீஸைக் கெடுத்தல் என்று தாய் கண்டித்தாள். தின்றுபார்த்தபின் இருவரும் கண்டனத்தைத் திரும்பப் பெறவில்லை, ஆனால் ஆளுக்கொரு துண்டு கேட்டோம்.

சென்ற கோடையில் ஊருக்குப் போனபோது அப்பத்தாவுக்கு ஓர் இழைப்புளி கொண்டுபோனோம். புருனோஸ்டை மோந்து பார்த்துத் தள்ளிவைத்தவர், கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தோல் சீவிய வாழைக்காயின்மேல் வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். தாள்போல் ஒரே கனத்தில் விழுந்த துண்டுகளைக் கடலைமாவில் முக்கி எண்ணெயில் போட்டார். அந்தத் தச்சர் பஜ்ஜிக்காகத்தான் இதைச் செய்திருக்க வேண்டும், நார்வேக்காரர்களுக்கு விவரம் பத்தாமல் சீஸில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அப்பத்தா துணிபு. பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டிருப்பதால் அடுத்த முறை மூன்று வாங்கிவர வேண்டும்.