இன்னும் ரெண்டாயிரம் போட்டா…

தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். ரேஷன் கார்டில் என்ன பெயர் இருந்தாலும் பையன்களுக்கு அவர் ‘கான்ஃபிக் அண்ணன்’. வயது முப்பதைத் தொடாது. படிப்பு மெக்கானிக்கல், வேலை ஏதோ ஒரு கால் சென்டரில். இரண்டையும் பற்றி அவர் வாயே திறக்கமாட்டார். பேச்செல்லாம் பிராசசர், மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு. எந்த போர்டில் எது உட்காரும், எந்த கார்டு எத்தனை வாட் இழுக்கும், நேற்றுச் சாயங்காலம் எந்தக் கடையில் எது என்ன விலைக்குப் போனது என்பதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். சொந்தத் தங்கை எத்தனாவது படிக்கிறாள் என்று கேட்டால்தான் கொஞ்சம் யோசிப்பார்.

பிளஸ் டூ பையன் ஒருவன், “மார்க் வரட்டும், பார்க்கலாம்” என்று அப்பா வாய்தவறிச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, மார்க்கும் வாங்கி, கம்ப்யூட்டருக்கு 45,000 ரூபாய் தேற்றிவிட்டான் என்றால் அடுத்த அரைமணியில் அண்ணன் வீட்டு வாசலில் நிற்பான். அப்பாவிடம் சொன்ன காரணம் கோடிங். அது செருப்போடு சேர்ந்து வாசலிலேயே நின்றுவிடும்.

“பட்ஜெட் எவ்ளோடா?”

“நாப்பத்தஞ்சு அண்ணே.”

“ஸ்ட்ரிக்டா?”

“ஸ்ட்ரிக்ட்டு.”

அண்ணன் லேசாகச் சிரிப்பார். என்ன கேம் ஆடப்போகிறாய் என்று கேட்கமாட்டார். அவரைப் பொறுத்தவரை அது சில்லறை விஷயம். போனை எடுத்து நோட்ஸில் தட்ட ஆரம்பிப்பார்.

“ஐ3 12100எஃப். ஹெச்610 போர்டு. 8 ஜிபி ரேம். ஜிடிஎக்ஸ் 1650. நாப்பத்தஞ்சுக்குள்ள அடக்கிடலாம். ஓடும்.”

‘ஓடும்’ என்று அவர் இழுக்கிற இழுப்பிலேயே பையன் முகம் வாடிவிடும். வாடியதும் அண்ணன் மனம் இளகும்.

“இல்லடா, 8 ஜிபி ஒரே ஸ்டிக்கா போட்டா சிங்கிள் சேனல்தான். இன்னும் ரெண்டாயிரம் போட்டா எட்டும் எட்டும் பதினாறு, டூயல் சேனல்.” போட்டாயிற்று. “இவ்ளோ ரேம் போட்டுட்டு நாலு கோர்ல நிக்கிறது வேஸ்ட். கொஞ்சம் சேர்த்தா ரைசன் 5 5600, ஆறு கோர், பன்னெண்டு த்ரெட்.” அதுவும் போட்டாயிற்று. “ஆறு கோரை வெச்சுக்கிட்டு 2019-ல வந்த 1650-ஐ மாட்டறது பாவம்டா. அதுல மெமரியே 4 ஜிபிதான். ஆர்எக்ஸ் 6600 போனா 8 ஜிபி.” 6600 போட்டால் நல்ல எஸ்எம்பிஎஸ், அதாவது எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கிற பெட்டி, வேண்டும். நல்ல எஸ்எம்பிஎஸ் போட்டால் காற்றோட்டமான கேபினட் வேண்டும். எல்லாம் முடிந்ததும் அண்ணன் மோவாயைத் தடவுவார். “ஆனா ஒண்ணு. ஏஎம்4 சாக்கெட் 2017-ல முதல் ரைசன் வந்ததிலேருந்து ஓடுது. இனிமே அதுல பெரிசா எதுவும் வராது. இவ்ளோ போடறவன் இன்னும் கொஞ்சம் போட்டு ஏஎம்5 போயிட்டா, நாளைக்கு பிராசசரை மட்டும் மாத்திக்கலாம்.” ஏஎம்5 போர்டில் டிடிஆர்5 ரேம் மட்டும்தான் ஏறும். ஆகவே முதலில் சேர்த்த ரேமும் மாறும்.

கூட்டிப் பார்த்தால் 74,000. இதில் கொடுமை என்னவென்றால், அண்ணன் சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. ஒவ்வொரு ரெண்டாயிரத்துக்கும் தக்க காரணம் இருக்கிறது. அதனால் பையனால் எந்த இடத்திலும் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடிவதில்லை.

வீடு கட்டுகிற மேஸ்திரியும் இப்படித்தான். “வந்தது வந்தாச்சு, ஒரு ரெண்டு அடி தள்ளிப் போட்டுடலாங்க” என்று தொடங்கிப் பால்கனியில் கொண்டுபோய் விடுவார். ஆனால் மேஸ்திரிக்கு அதில் நாலு காசு உண்டு. அண்ணனுக்குச் சல்லிக்காசு கிடையாது. கடைக்காரர் கமிஷன் நீட்டினால் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிற ஆள் அவர். அதிகபட்சம் ஒரு டீ, இரண்டு பஜ்ஜி. நேர்மையான ஆலோசகர் நம் பணத்தை எவ்வளவு செலவழிக்க வைப்பார் என்பது தெரிய வேண்டுமானால் இவரோடு ஒரு மாலை உட்கார வேண்டும்.

சனிக்கிழமை காலை சென்னை ரிச்சி தெரு. அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்தால் வந்துவிடும். பெயர்தான் தெரு. உண்மையில் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று நாலைந்து சந்துகள் சேர்ந்த கூட்டம் அது. ஒயர் சுருள், சிசிடிவி, செகண்ட் ஹேண்ட் லேப்டாப், கரும்புச்சாறு, நடுவில் புகுந்து ஹாரன் அடிக்கும் பைக். பணம் பாக்கெட்டில் பத்திரமாக இருக்க வேண்டும் என்பதற்காக அப்பாவும் வந்திருக்கிறார். அண்ணன் முன்னால் நடக்க, பையன் நடுவில், அப்பா பின்னால்.

முதல் கடையில் ஒரு போர்டு தொங்குகிறது: ‘ஐ7 கேமிங் பிசி 16,000 மட்டும்’. அப்பா நின்றுவிட்டார்.

“ஏம்ப்பா, நீ முதல்ல ஐ3-ன்னு சொன்னே. இங்க ஐ7 பதினாறாயிரம்தான் போட்டிருக்கான்.”

“அங்கிள், அது ஐ7 2600. 2011-ல வந்தது.”

“இருக்கட்டுமே. ஏழு பெரிசுதானே?”

அண்ணன் விளக்கத் தொடங்கினார். இன்டெல் வைத்திருக்கிற பெயர்களில் தலைமுறை எங்கே ஒளிந்திருக்கிறது, நாலு கோர் ஐ3 12100எஃப் பத்து வருடத்துக்கு முந்தைய நாலு கோர் ஐ7-ஐ எப்படித் தூக்கிச் சாப்பிடுகிறது என்று அவர் சொல்லச் சொல்ல, அப்பாவின் கண் அந்த 16,000-ஐ விட்டு நகரவே இல்லை.

அடுத்த கடையில் செகண்ட் ஹேண்ட் கார்டுகள். ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி, கேட்கவே ஆசையாக ஒரு விலை. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டதும், அதைத் தோண்டுவதற்காக வருடக்கணக்கில் இரவு பகலாக ஓடிய கார்டுகள் சந்தைக்கு வந்து குவிந்தன. அண்ணனுக்கு அந்த வரலாறு மனப்பாடம். கார்டைத் திருப்பி, ஃபேனை விரலால் ஒரு சுற்றுச் சுற்றி, திருகுகளின் மேல் ஸ்டிக்கர் கிழிந்திருக்கிறதா என்று பார்த்தார்.

“மைனிங்ல ஓடுச்சாண்ணே?”

“சேச்சே. ஒரு டாக்டர் வீட்ல இருந்துச்சு தம்பி. சொலிடேர் மட்டும் ஆடுவாராம்.”

“2048எஸ்பியா இது?”

கடைக்காரர் உடனே வேறு வாடிக்கையாளர் பக்கம் திரும்பிவிட்டார். 580 என்று பெயர் போட்டு உள்ளே கிட்டத்தட்ட 570-ஐ வைத்திருக்கிற சீனச் சரக்கு அது. இதைத் தெரிந்த ஆள் தெருவில் நுழைந்துவிட்டால் சில கடைகளில் லேசான பதற்றம் பரவும்.

அண்ணன் எப்படிப்பட்டவர் என்று பார்க்க வேண்டுமானால் எஸ்எம்பிஎஸ் வாங்குகிற இடத்தில் பார்க்க வேண்டும். “கேபினட்டோட 450 வாட் எஸ்எம்பிஎஸ் ஃப்ரீ சார்” என்றார் கடைப் பையன். அப்பா முகத்தில் அன்றைக்கு முதல் மலர்ச்சி. அண்ணன் அந்தப் பெட்டியை ஒரு கையில் தூக்கினார். கனமே இல்லை. பக்கவாட்டில் ஒட்டியிருந்த லேபிளை வெளிச்சத்தில் பிடித்து, பொடி எழுத்தில் 12 வோல்ட் வரிசைக்கு நேரே விரலை வைத்தார்.

“அங்கிள், இங்க பாருங்க. பன்னெண்டு வோல்ட்ல 14 ஆம்பியர்தான். பன்னெண்டையும் பதினாலையும் பெருக்கினா 168 வாட். மேல போட்டிருக்கிற 450 சும்மா. 6600 கார்டு மட்டுமே 132 வாட் எடுக்கும், பிராசசருக்கு 65. இதைப் போட்டா, போகும்போது இது மட்டும் போகாது. போர்டையும் கூட்டிட்டுப் போயிடும்.”

அப்பா மின்வாரியத்தில் இருபது வருடம் கணக்கு எழுதியவர். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்குவது அவருக்குப் புரிந்த கணக்கு. அதுவரை ‘இந்தப் பையன்’ என்றிருந்த அண்ணன் அந்த நிமிடத்திலிருந்து ‘தம்பி’ ஆனார். 80 பிளஸ் ப்ரோன்ஸ் முத்திரையோடு தனியாக ஒன்று வாங்க அப்பா ஒப்புக்கொண்டது கடைக்காரருக்கே ஆச்சரியம்.

ஆனால் அதே கணக்குப்பிள்ளைதான் ஐந்து நிமிடம் கழித்து அந்தக் கேள்வியையும் கேட்டார்.

“எல்லாம் சரி தம்பி. படம் தெரியற பொட்டி எங்கே?”

பட்டியலில் மானிட்டர் இல்லை. கீபோர்டு இல்லை. மவுஸ் இல்லை. யூபிஎஸ் இல்லை. இந்த இனத்தின் பொதுக் குணம் இது. கேபினட்டுக்குள் போகிறதுதான் அவர்களுக்குக் கம்ப்யூட்டர். வெளியே இருப்பதெல்லாம் “அதை அப்புறம் பார்த்துக்கலாம் அங்கிள்”.

“அப்புறம்னா? இந்த டப்பாவை வெச்சுக்கிட்டு இவன் எதைப் பார்த்து கோடிங் படிப்பான்?”

தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பையன் தன் செருப்பைப் பார்த்தான். அப்பா சட்டைப் பையைத் தட்டினார். “நாப்பத்தஞ்சு. பொட்டியோட சேர்த்து. அதுக்கு மேல ஒரு பைசா கிடையாது.”

இங்கேதான் அண்ணனின் இன்னொரு முகம் தெரியும். ‘இன்னும் ரெண்டாயிரம்’ என்ற கதவு சாத்தப்பட்டதும் அவர் வேறு ஆளாகிவிடுவார். கரும்புச்சாறு கடை ஓரமாக நின்று 74,000 ரூபாய்ப் பட்டியலை அழித்தார். அப்போதுதான் பையனிடம் முதல்முறையாகக் கேட்டார்: “ஆமா, நீ என்னதான்டா ஆடப்போறே?”

“வேலரன்ட் அண்ணே. அப்புறம் ஜிடிஏ 5.”

வேலரன்ட் 2020-இல் வந்தபோதே சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டரிலும் ஓடவேண்டும் என்று செய்யப்பட்ட கேம். ஜிடிஏ 5 கம்ப்யூட்டருக்கு வந்தது 2015-இல். இந்தப் பதிலை முதல் நாளே கேட்டிருந்தால் நான்கு நாள் மிச்சமாகியிருக்கும். அண்ணன் இதற்கெல்லாம் அசருகிறவர் அல்ல. ரைசன் 5 5600ஜி, அதற்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது, தனி கார்டு இப்போது வேண்டாம். பி450 போர்டு, எட்டும் எட்டும் பதினாறு, 500 ஜிபி எஸ்எஸ்டி, அந்த நல்ல எஸ்எம்பிஎஸ், மானிட்டர், கீபோர்டு, மவுஸ், 600 விஏ யூபிஎஸ். “600 விஏ-ன்னா 600 வாட் இல்ல அங்கிள், 360-தான். இதுக்குத் தாங்கும்.” கணக்கு 45,000-க்குள் நின்றது. 5600-இல் இருக்கிற கேஷ் மெமரியில் பாதிதான் 5600ஜி-யில் என்று மட்டும் வழியெல்லாம் முனகிக்கொண்டே வந்தார்.

கேபினட்டில் லைட் எரிகிறதே, கரண்ட் எவ்வளவு இழுக்கும் என்று அப்பா கேட்டதையும், அணைத்து வைக்க வழி உண்டா என்று கேட்டதையும் இங்கே விரிக்க இடமில்லை.

வாங்கிக் கொடுத்ததோடு உறவு முடிவதில்லை. நள்ளிரவில் போன் வரும். “அண்ணே, டிஸ்ப்ளே வரல.” அண்ணன் அரைத் தூக்கத்தில், “ரேமைக் கழட்டித் துடைச்சு மறுபடி சொருகு” என்பார். வந்துவிடும். தனி கார்டு வாங்கியவன் என்றால் கேள்வி வேறு: “கேபிளை எங்க சொருகியிருக்கே? மேலயா, கீழயா?” மேலே போர்டில் சொருகியிருப்பான். 20,000 ரூபாய் கார்டு கீழே சும்மா காற்று வாங்கிக்கொண்டிருக்கும். ஒருமுறை உறவினர் வீட்டு கிரகப்பிரவேசத்தில் சாப்பாட்டுப் பந்திக்கு அண்ணனைக் காணவில்லை. தேடிப்போனால் மாடி அறையில், அந்த வீட்டுப் பையனின் கம்ப்யூட்டரில் பயாஸ் திறந்து உட்கார்ந்திருந்தார். 3200 என்று காசு கொடுத்து வாங்கிய ரேம் எக்ஸ்எம்பி போடாமல் 2400-இல் நடந்துகொண்டிருந்ததாம். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கிய நாளிலிருந்து விண்டோஸில் 60-இலேயே இருந்ததாம். இரண்டையும் சரிசெய்துவிட்டு மூன்றாம் பந்தியில் வந்து உட்கார்ந்தார். முகத்தில் அப்படியொரு நிறைவு.

அண்ணன் கேம் ஆடுவாரா? ஆடுவார் என்றுதான் சொல்ல வேண்டும். திரையின் மூலையில், நொடிக்கு எத்தனை படம் என்று சொல்லும் எஃப்பிஎஸ் எண் ஓடும். அவர் கண் அதன் மேல்தான். எதிரி வந்து சுட்டுவிட்டுப் போனாலும் “94, பரவால்ல, டிராப் ஆகல” என்பார்.

அவர் வைத்திருப்பது பக்கவாட்டு மூடி இல்லாத ஒரு பழைய டப்பா. தனக்கென்று ஒன்று வாங்க நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறார். 2021-இல் கார்டு கிடைக்கவில்லை. 2022-இல் புதுத் தலைமுறை வருகிறது என்று பொறுத்தார். வந்ததும் விலை இறங்கட்டும் என்றார். 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போக, ரேம் விலை ஏறத் தொடங்கியது. அந்த டிசம்பரில் மெமரி தயாரிக்கிற மைக்ரான் தன் குரூஷியல் பிராண்டைக் கடைச் சந்தையிலிருந்து எடுத்துவிடப்போவதாக அறிவித்தது. அன்றைக்கு அண்ணன் ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை. “எவனோ சாட்ஜிபிடி கிட்ட கடி ஜோக் கேக்கறதுக்கு நம்ம ரேம் போயிடுச்சுடா” என்றார். இந்த விஷயத்தில் நான் அவர் கட்சி.

உங்கள் வீட்டுப் பையன் அண்ணனிடம் போகிறான் என்றால் தடுக்காதீர்கள். அவரைவிட நல்ல ஆள் கிடைக்கமாட்டார். கையில் 45,000 இருந்தால் 38,000 என்று சொல்லச் சொல்லுங்கள். மானிட்டருக்கும் யூபிஎஸ்ஸுக்கும் உள்ளதைத் தனியாக எடுத்து வேறு பாக்கெட்டில் வையுங்கள். என்ன கேம் என்பதைக் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் மட்டும் அவர் பேச்சைத் தட்டாதீர்கள். 18 சதவீதம் ஜிஎஸ்டி போகிறதே என்று பார்க்காமல் பில் வாங்குங்கள். வாரண்டிக்கு அலைய வேண்டிவந்தால் அண்ணன் லீவு போட்டுவிட்டு உங்களோடு வருவார். பில்லை நீங்கள்தான் எடுத்துப்போக வேண்டும்.